பிலிப்பைன் நாட்டின் அரசியல் சாசனம்



ஆசியாவின் வரலாறு என்றால் சீனம், ஜப்பான் என்ற அளவில் நிறுத்திக்கொள்வது நம் பள்ளிகளில் நெடுநாளைய வழக்கம். பசிபிக் மாகடலில் ஏழாயிரத்துக்கும் மேற்பட்ட தீவுகளாகச் சிதறிக் கிடக்கும் பிலிப்பைன் நாட்டைப் பற்றி நாம் பேசுவது அரிது. இத்தனைக்கும் 1762 ஆம் ஆண்டில் மணிலா நகரைக் கைப்பற்றிய ஆங்கிலேயர் படை நம் சென்னையிலிருந்து கப்பலேறிச் சென்ற படையேயாகும். அப்படையிலிருந்த சிப்பாய்கள் சிலர் தாயகம் திரும்பாமல் மணிலாவை அடுத்த கைந்தா என்னும் ஊரிலேயே குடியேறிவிட்டனர். அது தனிக்கதை. இன்று நான் சொல்ல வந்தது அந்நாட்டு மக்கள் தமக்கென ஓர் அரசியல் சாசனம் வகுத்துக்கொண்ட வரலாறு.

முந்நூறு ஆண்டுகளுக்கு மேல் ஸ்பெயினின் ஆட்சியில் இருந்த நாடு அது. 1896 இல் புரட்சி மூண்டது. அவ்வாண்டு டிசம்பர் 30 ஆம் நாள் ஹோசே ரிசால் என்னும் அறிஞரை ஸ்பானிய அரசு சுட்டுக் கொன்றது. புரட்சித் தலைவர் எமிலியோ அகினால்டோ 1898 ஜூன் 12 இல் சுதந்திரப் பிரகடனம் செய்தார். அதே ஆண்டு செப்டம்பர் 15 இல், மணிலாவுக்கு வடக்கே மாலோலோஸ் என்னும் ஊரில், பராசொவாயின் தேவாலயத்தில் மக்கள் பிரதிநிதிகள் சபை கூடியது. அரண்மனையும் மன்றமும் இல்லாத ஒரு புதிய அரசுக்குக் கோயில் மண்டபமே சட்டசபையாயிற்று.

அச்சபையில் எழுந்த வினா மிக ஆழமானது. அரசின் தலைமை அதிகாரம் யாரிடம் இருக்க வேண்டும்? சபையிடமா, தலைவரிடமா?

இருவர் இதில் எதிரெதிராக நின்றனர். ஒருவர் பெலிப்பே கால்தெரோன் என்னும் வழக்கறிஞர். பிரான்சு, பெல்ஜியம், மெக்சிகோ, பிரேசில் முதலிய நாடுகளின் சாசனங்களைக் கற்று, அவற்றைத் தழுவி நகல் ஒன்றை எழுதியவர் அவர். வாளேந்திய படைத்தலைவர்கள் கையில் நாடு சிக்கிவிடுமோ என்பது அவருடைய அச்சம். ஆகவே சபையே உயர்ந்தது, தலைவர் அதற்குக் கட்டுப்பட்டவர் என்று வகுத்தார்.

மற்றவர் அப்போலினாரியோ மபீனி. ஏழைக் குடியில் பிறந்து சட்டம் பயின்றவர். 1896 இல் நோயினால் இரு கால்களும் செயலிழந்தன. அகினால்டோ அழைத்தபோது அவரைத் தூளியில் வைத்துத்தான் சுமந்து சென்றனர். நடக்க இயலாத இம்மனிதரே புரட்சி அரசின் மூளையாக விளங்கினார் என்றால் மிகையாகாது. "யுத்தம் வாசலில் நிற்கிறது, இவ்வேளையில் தலைவரின் கையைக் கட்டலாகாது, சாசனம் எழுதச் சமாதான காலம் வரட்டும்" என்பது அவர் வாதத்தின் சாரம்.

இவ்விருவரில் யார் சொன்னது சரி? முப்பதாண்டுகளுக்கு மேல் வரலாறு கற்பித்தவன் என்ற முறையில் எனக்குத் தோன்றுவது இது: மபீனி அடுத்த மாதத்தைக் கண்டார், கால்தெரோன் அடுத்த நூற்றாண்டைக் கண்டார். இரண்டும் உண்மையாகவே நிகழ்ந்தன.

சபை கால்தெரோன் பக்கம் சாய்ந்தது. ஆனால் சமயம் பற்றிய விதியில் அவருக்கே தோல்வி நேர்ந்தது. கத்தோலிக்க மதமே அரசாங்க மதமாதல் வேண்டும் என்று அவர் எழுதியிருந்தார். வாக்கெடுப்பில் இருபுறமும் சமமாயிற்று. மீண்டும் எடுத்தபோது ஒரே ஒரு வாக்கு மிகுதியால் அரசும் சமயமும் தனித்தனி என்னும் கொள்கை வென்றது. பெரும்பாலோர் கத்தோலிக்கராயிருந்த சபையில், அதுவும் ஒரு தேவாலயத்தின் கூரைக்கீழ், இவ்வாறு முடிவாயிற்று என்பதைக் கருதுங்கள். எனினும் போர்க்காலத்தில் பாதிரிமார்களின் ஆதரவை இழக்கலாகாது என்று மபீனி அறிவுறுத்த, அவ்விதியைச் செயற்படுத்துவது ஒத்திவைக்கப்பட்டது.

1899 ஜனவரி 21 இல் சாசனம் பிரகடனமாயிற்று. 23 ஆம் நாள் குடியரசு தொடங்கியது. ஆனால் அதற்கு முன்னரே, 1898 டிசம்பர் 10 இல், பாரிஸ் உடன்படிக்கையின்படி ஸ்பெயின் அத்தீவுகளை அமெரிக்காவுக்கு விட்டுக்கொடுத்திருந்தது. கைமாறிய தொகை இரண்டு கோடி டாலர். அந்நாட்டு மக்களை ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. பிப்ரவரி 4 இல் அமெரிக்கருடன் போர் மூண்டது. மார்ச் 31 இல் மாலோலோஸ் வீழ்ந்தது. 1901 இல் அகினால்டோ சிறைப்பட்டார். மபீனி குவாம் தீவுக்கு நாடு கடத்தப்பட்டு, 1903 இல் மணிலாவுக்குத் திரும்பிய சில மாதங்களுக்குள் வாந்திபேதி நோயால் இறந்தார்.

பின்னர் அமெரிக்கப் பாராளுமன்றம் இயற்றிய சட்டங்களே நாட்டை ஆண்டன. 1934 ஆம் ஆண்டுச் சட்டமொன்று, பத்தாண்டு இடைக்கால ஆட்சிக்குப் பின் சுதந்திரம் என்று வாக்களித்து, சாசனம் எழுதவும் அனுமதித்தது. 202 பிரதிநிதிகள் கிளாரோ ரெக்தோவின் தலைமையில் கூடினர். 1935 மே 14 இல் மக்கள் அதனை ஏற்றனர். மனுவேல் கேசோன் தலைவரானார்.

இச்சாசனத்தில் மாணவியர் அறிய வேண்டிய ஒரு செய்தி உண்டு. பெண்களுக்கு வாக்குரிமை உடனே வழங்கப்படவில்லை. இரண்டாண்டுகளுக்குள் தனி வாக்கெடுப்பு நடத்தி, மூன்று லட்சம் பெண்கள் "வேண்டும்" என்று வாக்களித்தால்தான் தரப்படும் என்று விதித்தனர். ஆண்களின் உரிமைக்கு இப்படித் தலை எண்ணிக் கணக்குக் கேட்டவர் எவருமில்லை! 1937 ஏப்ரல் 30 இல் வாக்கெடுப்பு நடந்தது. 4,47,725 பெண்கள் வேண்டும் என்றனர். விதித்த அளவைக் காட்டிலும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு.

1935 ஆம் ஆண்டுச் சாசனம் மாலோலோஸ் சாசனத்துக்கு நேர்மாறானது. தலைவருக்கே மிகுந்த வலிமை தந்தது. கலகமோ, படையெடுப்போ, அவற்றின் அபாயமோ நேருமிடத்து இராணுவச் சட்டம் பிறப்பிக்கும் அதிகாரமும் அவருக்கு இருந்தது. இவ்வதிகாரம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் வியப்பு மேலிடும். அமெரிக்கக் கவர்னர் ஜெனரலுக்கென்று 1916 ஆம் ஆண்டுச் சட்டத்தில் எழுதப்பட்ட வாசகமே, சிறு மாற்றங்களுடன், சுதேசித் தலைவருக்கு உரியதாயிற்று. அந்நியன் அமர்ந்த நாற்காலி அப்படியே கைமாறியது. 1946 ஜூலை 4 இல் சுதந்திரம் வந்தபோதும் அது அசையவில்லை.

இருபத்தாறு ஆண்டுகள் கழித்து அதன் விளைவு தெரிந்தது. 1965 இலும் 1969 இலும் தேர்தலில் வென்ற பெர்டினாண்ட் மார்க்கோஸ் மூன்றாம் முறை நிற்க இயலாது. புதிய சாசனம் எழுத 1971 இல் கூடிய சபை வேலையை முடிக்குமுன், 1972 செப்டம்பரில் அவர் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். பிரதிநிதிகள் சிலரே சிறை சென்றனர். எஞ்சியோர் நிறைவேற்றிய சாசனத்தை மக்கள் முன் வைத்த முறையைப் பாருங்கள்: முறைப்படியான வாக்கெடுப்பு ஒத்திவைக்கப்பட்டது, 1973 ஜனவரியில் ஊர்தோறும் கூட்டம் கூட்டி, பதினைந்து வயதுச் சிறுவர் உட்படக் கைதூக்கச் செய்து, மக்கள் ஏற்றனர் என்று பிரகடனம் செய்யப்பட்டது.

இது செல்லுமா என்னும் வழக்கு உச்ச நீதிமன்றத்துக்கு வந்தது. சாசனம் முறைப்படி ஏற்கப்படவில்லை என்று நீதிபதிகளில் ஆறு பேர் கருதினர். ஆயினும் வழக்குகளைத் தள்ளுபடி செய்வதென்று ஆறு பேரும், கூடாதென்று நால்வரும் வாக்களிக்க, அது நடைமுறைக்கு வரத் தடையில்லை என்று தீர்ப்பாயிற்று. அந்நால்வருள் ஒருவர் தலைமை நீதிபதி ராபர்ட்டோ கொன்செப்சியோன். தீர்ப்புக்குப்பின், ஓய்வுக்குரிய நாள் வருமுன்னரே அவர் பதவியை விட்டு விலகினார்.

1986 பிப்ரவரியில் மணிலாவின் பெருஞ்சாலையில் இலட்சக்கணக்கான மக்கள் திரண்டு நிற்க, மார்க்கோஸ் நாட்டைவிட்டு ஓடினார். கொரசோன் அக்கினோ தலைவரானார். புதிய சாசனம் எழுத அவர் அமைத்த குழுவில், முதிய வயதில், கொன்செப்சியோனும் இடம்பெற்றார். எந்த அரசாங்க உறுப்பாயினும் அதிகாரத்தை மிகத் தவறாகப் பயன்படுத்தியதா என்று ஆராய்வது நீதிமன்றத்தின் உரிமை மட்டுமன்று, கடமையுமாகும் என்னும் விதி அவருடைய முயற்சியால் அதில் ஏறியது. இராணுவச் சட்டம் அறுபது நாள்களுக்கு மேல் தானாக நீளாது. தலைவர் நாற்பத்தெட்டு மணி நேரத்துக்குள் காங்கிரசுக்கு விளக்கம் தர வேண்டும். காங்கிரசு அதனை நீக்கலாம். எந்தக் குடிமகனும் உச்ச நீதிமன்றம் செல்லலாம், நீதிமன்றம் முப்பது நாள்களில் தீர்ப்பளிக்க வேண்டும். 1987 பிப்ரவரி 2 இல் வாக்களித்தோரில் நான்கில் மூன்று பங்கினர்க்கு மேல் இச்சாசனத்தை ஏற்றனர்.

2017 மே மாதம் மராவி நகரில் சண்டை மூண்டபோது மின்டனாவோ தீவில் இராணுவச் சட்டம் வந்தது. குடிமக்கள் வழக்குத் தொடுத்தனர். நீதிமன்றம் குறித்த காலத்துக்குள் விசாரித்து, தலைவரின் செயல் செல்லும் என்றது. காங்கிரசு மும்முறை அதனை நீட்டித்தது. அவ்வாறு நீட்டித்தது தகுமா என்று அந்நாட்டார் கடுமையாக வாதிட்டனர். 2019 டிசம்பர் 31 இல் அச்சட்டம் முடிவுக்கு வந்தது.