மோட்டார் சைக்கிள் கழகங்களின் வார இறுதிக் கூட்டுப் பயணம்

மோட்டார் சைக்கிள் கழக உறுப்பினர்கள் ஞாயிற்றுக்கிழமை போன்ற ஓய்வு நாட்களில் ஓரிடத்தில் கூடி, முன்பே முடிவு செய்த பாதையில் ஒருவர் வழிநடத்த அணியாகச் சென்று திரும்புவதைக் கூட்டுப் பயணம் என்பர். ஓட்டுநர்களின் பேச்சு வழக்கில் இது ‘குரூப் ரைடு’ அல்லது வெறும் ‘ரைடு’. இது பந்தயம் அன்று. பந்தயத்தில் முதலில் வருபவருக்கு மதிப்பு. கூட்டுப் பயணத்தில் கடைசியில் வருபவரும் வந்து சேர்ந்தால்தான் பயணம் முடிந்ததாகப் பொருள். இந்த வேறுபாடு மறக்கப்பட்ட போதெல்லாம் கழகங்கள் பொதுமக்களின் நம்பிக்கையை இழந்தன என்பதை இதன் வரலாறு காட்டுகிறது.

மிதிவண்டிக் கழகங்களிலிருந்து தோற்றம்

இவ்வழக்கத்தின் வேர் மிதிவண்டியில் இருக்கிறது. 1878இல் இங்கிலாந்தின் ஹாரோகேட் நகரில் மிதிவண்டிச் சுற்றுலாக் கழகம் தொடங்கப்பட்டது. 1880இல் அமெரிக்காவில் மிதிவண்டி ஓட்டுநர்களின் தேசிய அமைப்பு உருவானது. அக்காலக் கழகங்களுக்குச் சீருடையும், பயணத்தை வழிநடத்தும் தலைவரும் இருந்தனர். ஏறு, இறங்கு, வேகத்தைக் குறை என்பவற்றை ஊதுகொம்பு ஒலித்து அறிவிப்பவர் ஒருவரும் உடன் சென்றார். இன்று கை அசைவால் காட்டப்படும் சைகைகள் செய்வது இந்த ஊதுகொம்பின் வேலையைத்தான்.

வார இறுதி என்ற ஒன்று இருந்தால்தானே வார இறுதிப் பயணம் இருக்க முடியும்? பிரிட்டனில் 1850ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டம் பெண்களும் இளையோரும் சனிக்கிழமை பிற்பகல் 2 மணிக்கு மேல் நெசவாலைகளில் வேலை செய்வதைத் தடுத்தது. சனிக்கிழமை அரைநாள் விடுப்பு மெல்ல மெல்லப் பிற தொழில்களுக்கும் பரவியது. கழக வாழ்க்கைக்கு வேண்டிய நேரம் உழைப்பாளருக்கு இவ்வாறுதான் கிடைத்தது.

முதல் மோட்டார் சைக்கிள் கழகங்கள்

1894இல் ஜெர்மனியின் ஹில்டபிராண்ட் – வொல்ஃப்முல்லர் நிறுவனம் மோட்டார் சைக்கிளைத் தொடர் உற்பத்தியாகச் செய்து விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் 1896ஆம் ஆண்டுச் சட்டம், இயந்திர வண்டிக்கு முன்னால் ஓர் ஆள் நடந்து செல்ல வேண்டும் என்ற பழைய கட்டுப்பாட்டை நீக்கியது. அதன் பிறகே சாலையில் இயந்திர வண்டியைத் தாராளமாக ஓட்ட முடிந்தது.

1901இல் இங்கிலாந்தில் மோட்டார் சைக்கிளிங் கிளப் தொடங்கப்பட்டது. 1904இல் அது லண்டனிலிருந்து எடின்பரோ வரை நெடும்பயணம் ஒன்றை நடத்தியது. குறித்த நேரத்தில் குறித்த இடத்தை அடைவதே அங்கு தேர்வு. 1903இல் பிரிட்டனில் ஆட்டோ சைக்கிள் கிளப்பும், நியூயார்க் நகரின் புரூக்ளினில் அமெரிக்க மோட்டார் சைக்கிள் ஓட்டுநர் கூட்டமைப்பும் உருவாயின. அந்நாளைய வண்டிகளில் தோல் பட்டை அறுவதும், டயர் வெடிப்பதும், தீப்பொறி நின்றுபோவதும் அன்றாட நிகழ்வுகள். தனியாகப் போனால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வர வேண்டியதுதான். எனவே கூடிச் செல்வதற்கு முதல் காரணம் பழுது. தோழமை அதனோடு வந்து சேர்ந்தது.

இரு போர்களுக்கு இடையே

முதல் உலகப் போரில் செய்தி கொண்டு செல்லும் வீரர்கள் மோட்டார் சைக்கிளைப் பயன்படுத்தினர். டிரையம்ப் நிறுவனத்தின் ‘மாடல் எச்’ வண்டி இதில் புகழ் பெற்றது. போர் முடிந்ததும் மிகையாக இருந்த ராணுவ வண்டிகள் விற்பனைக்கு வந்தன. வண்டியோட்டப் பழகிய இளைஞர்களும் ஊர் திரும்பினர். 1920களின் தொடக்கத்தில் பிரிட்டன் சாலைகளில் கார்களைவிட மோட்டார் சைக்கிள்களே அதிகம். பக்கத்தில் இணைக்கும் சைடுகாரில் மனைவி மக்களை ஏற்றிச் செல்லலாம் என்பதால் கழகத்தின் ஞாயிற்றுக்கிழமைப் பயணம் குடும்ப நிகழ்ச்சியாகவும் இருந்தது. மலிவான சிறு கார்கள் வந்த பிறகு குடும்பங்கள் மெல்ல விலகின. மோட்டார் சைக்கிள் இளைஞர்களின் வண்டியாக மாறியது.

அமெரிக்காவின் ஜிப்சி பயணங்களும் ஹாலிஸ்டர் நிகழ்வும்

அமெரிக்காவில் 1924இல் அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் தொடங்கியது. அதன் ஆதரவில் ‘ஜிப்சி டூர்’ என்ற பயணங்கள் நடந்தன. பல ஊர்க் கழகங்கள் தத்தம் இடத்திலிருந்து புறப்பட்டு ஒரு பொது இடத்தில் கூடி, முகாமிட்டு, போட்டிகளைக் கண்டு திரும்பும்.

1947 ஜூலை 4 விடுமுறையின்போது கலிபோர்னியாவின் ஹாலிஸ்டர் என்ற சிற்றூரில் அத்தகைய கூடல் ஒன்று நடந்தது. ஊரின் மக்கள்தொகை சுமார் 4,500. வந்தவர்களோ சுமார் 4,000 பேர். தெருவில் வண்டிப் பந்தயமும் குடியும் கூச்சலும் மிகுந்தன. கைதானவர்கள் சில பத்துப் பேர்தான். அவையும் பெரும்பாலும் குடிபோதை போன்ற சிறு குற்றங்கள். ஆனால் ‘லைஃப்’ இதழ் ஒரு முழுப்பக்கப் படத்தை வெளியிட்டது. வண்டிமேல் சாய்ந்த ஒரு குடிகாரர், சுற்றிலும் காலி புட்டிகள். அந்தப் புட்டிகள் படத்துக்காகவே அடுக்கப்பட்டன என்று நேரில் கண்ட ஒருவர் பின்னாளில் கூறினார். இந்நிகழ்வைத் தழுவி எழுதப்பட்ட சிறுகதை ஒன்றை அடிப்படையாகக் கொண்டு, மார்லன் பிராண்டோ நடித்த ‘தி வைல்டு ஒன்’ திரைப்படம் 1953இல் வந்தது. பிரிட்டனில் 1967 வரை அதற்குத் தணிக்கை அனுமதி கிடைக்கவில்லை.

ஒரு படமும் ஒரு திரைப்படமும் சேர்ந்து, தோல் சட்டை அணிந்து அணியாக வரும் எவரையும் ரவுடி என்று எண்ணும் பார்வையை உலகெங்கும் பரப்பின. சாதாரணக் கழகங்கள் அதன் சுமையை நெடுங்காலம் சுமந்தன. 1997இல் அதே ஹாலிஸ்டர் ஊர், நிகழ்வின் 50ஆம் ஆண்டைக் குறித்து மோட்டார் சைக்கிள் ஓட்டுநர்களைத் திரும்ப வரவேற்று விழா நடத்தியது.

யாருக்கு இடம்?

கழகம் என்றால் உள்ளே இருப்பவர், வெளியே நிறுத்தப்பட்டவர் என்ற பிரிவும் உண்டு. அமெரிக்க மோட்டார் சைக்கிள் சங்கம் 1950கள் வரை கறுப்பின மக்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. மயாமி நகரில் வாழ்ந்த பெஸ்ஸி ஸ்டிரிங்ஃபீல்டு என்ற கறுப்பினப் பெண் தனி ஓட்டுநராகப் புகழ் பெற்று, சொந்தமாக ஒரு கழகத்தையும் நடத்தினார். 2002இல், அவர் மறைந்த பிறகு, அதே சங்கத்தின் புகழ் மண்டபத்தில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

1940இல் லிண்டா டுஜோவும் டாட் ராபின்சனும் முன்னின்று ‘மோட்டார் மெய்ட்ஸ்’ என்ற பெண்கள் கழகத்தை உருவாக்கினர். அது இன்றும் இயங்குகிறது. இந்தியாவில் 2011இல் புனேயில் தொடங்கிய ‘பைக்கர்னி’ பெண்களுக்கான மோட்டார் சைக்கிள் அமைப்பாகப் பல நகரங்களுக்குப் பரவியது.

ஏஸ் கஃபேயும் 59 கிளப்பும்

லண்டனின் வடக்குச் சுற்றுச் சாலையில் 1938இல் திறக்கப்பட்ட ஏஸ் கஃபே, லாரி ஓட்டுநர்கள் தேநீர் அருந்தும் இடமாக இருந்தது. போரில் குண்டுவீச்சால் சேதமடைந்து 1949இல் மீண்டும் கட்டப்பட்டது. 1950களில் ‘ராக்கர்’ எனப்பட்ட இளைஞர்கள் இங்கே கூடினர். ஒரு கஃபேயிலிருந்து இன்னொரு கஃபேக்குப் பொதுச்சாலையில் வேகப் பந்தயம் விட்டதில் பல இளம் உயிர்கள் போயின.

1959இல் கிழக்கு லண்டனின் ஹாக்னி விக் பகுதியில் ஜான் ஓட்ஸ் என்ற பாதிரியார் ‘59 கிளப்’ என்ற இளைஞர் மன்றத்தைத் தொடங்கினார். 1962இல் பில் ஷெர்கோல்டு என்ற பாதிரியார் அதில் மோட்டார் சைக்கிள் பிரிவைச் சேர்த்தார். அவரே ஒரு மோட்டார் சைக்கிள் ஓட்டுநர். ராக்கர்களை அழைக்க முதலில் ஏஸ் கஃபே வரை போனவர், துணிவு வராமல் நிறுத்தாமலே கடந்து போய்விட்டதாகப் பின்னர் சொல்லியிருக்கிறார். மறுமுறை உள்ளே சென்றார். இளைஞர்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு பேசினர். ஆயிரக்கணக்கில் கழகத்தில் சேர்ந்தனர். 1964இல் கிளாக்டன், மார்கேட், பிரைட்டன் கடற்கரைகளில் ராக்கர்களும் ‘மாட்’ இளைஞர்களும் மோதிக்கொண்டபோது நாடே இவர்களைத் தூற்றியது. 59 கிளப் அப்போதும் தன் கதவைத் திறந்தே வைத்திருந்தது. வேகத்தைத் தேடிய இளைஞர்களுக்கு ஒழுங்கோடு கூடிய பயணத்தையும், பேசிப் பழக ஓர் இடத்தையும் தந்ததே அதன் சாதனை.

ஏஸ் கஃபே 1969இல் மூடப்பட்டு 2001இல் மீண்டும் திறக்கப்பட்டது.

இந்தியாவில்: சென்னையும் மைசூரும்

ராயல் என்ஃபீல்டு நிறுவனம் ‘புல்லட்’ என்ற பெயரை 1932இல் முதலில் பயன்படுத்தியது. 1950களில் எல்லைக் காவலுக்காக இந்திய ராணுவம் 350 சிசி புல்லட் வண்டிகளை வாங்கியது. தேவை தொடர்ந்ததால் 1955இல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து ‘என்ஃபீல்டு இந்தியா’ உருவானது. அதன் ஆலை சென்னை திருவொற்றியூரில் அமைந்தது. பிரிட்டனில் அந்நிறுவனத்தின் உற்பத்தி 1970 அளவில் நின்றுபோனது. திருவொற்றியூரில் நிற்கவில்லை. 1977இல் சென்னையிலிருந்து புல்லட் பிரிட்டனுக்கே ஏற்றுமதியானது.

செக்கோஸ்லோவாக்கியாவின் ஜாவா வண்டியை மைசூரில் ஐடியல் ஜாவா நிறுவனம் 1961 முதல் தயாரித்தது. 1970களில் ‘யெஸ்டி’ என்ற பெயர் வந்தது. உதைத்துக் கிளப்பும் கட்டையும் கியர் மாற்றும் கட்டையும் ஒன்றாகவே இருப்பது இவ்வண்டியின் தனித்தன்மை. ஆலை 1996இல் மூடப்பட்டது.

ஸ்கூட்டருக்குப் பதிவு செய்து ஆண்டுக்கணக்கில் காத்திருந்த நாட்டில் பெட்ரோலை வீணாக்கி ஊர் சுற்றுவது அக்காலத்தில் பலருக்கும் எட்டாதது. 1990களுக்குப் பின் நிலைமை மாறியது. எளிதில் கடன் கிடைத்தது. தங்க நாற்கரச் சாலை போன்ற திட்டங்கள் நெடுஞ்சாலைகளை விரித்தன. தகவல் தொழில்நுட்பத் துறை வாரத்துக்கு ஐந்து நாள் வேலையைப் பழக்கியது. அலுவலக நேரத்தில் கூட்டத்தில் ஊர்ந்த வண்டி, ஞாயிறு விடியற்காலையில் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் ஏலகிரிக்கும் புறப்பட்டது. புல்லட்டுக்கெனத் தனிக் கழகங்கள் நகரந்தோறும் தோன்றின.

ஜாவா, யெஸ்டி உரிமையாளர்களுக்கு வேறொரு தேவையும் இருந்தது. ஆலை மூடிய பின் உதிரி பாகம் கிடைக்காது. யாரிடம் எந்தப் பாகம் இருக்கிறது, எந்த மெக்கானிக்குக் கைவந்த வேலை என்பதை அறியக் கழகமே வழி. ஒவ்வோர் ஆண்டும் ஜூலை மாத இரண்டாம் ஞாயிறு அவர்கள் தங்கள் வண்டிகளுக்கான நாளாகக் கொண்டாடிக் கூடுகின்றனர். 2018இல் ஜாவா என்ற பெயர் புதிய வண்டிகளோடு திரும்பி வந்தது.

அணியின் ஒழுங்கு

பயணத்துக்கு முன் பாதை, நிறுத்தங்கள், சைகைகள் ஆகியவை எல்லோருக்கும் விளக்கப்படும். எரிபொருள் நிறுத்தம், மிகச் சிறிய தொட்டி உள்ள வண்டியைக் கொண்டு கணக்கிடப்படும். முன்னால் செல்பவர் வழிகாட்டி. கடைசியில் வருபவர் ‘ஸ்வீப்’. அனுபவம் மிக்கவரையே அங்கே நிறுத்துவர். முதலுதவிப் பெட்டியும் கருவிகளும் அவரிடம் இருக்கும். பழுதாகி நிற்பவரைத் தாண்டி அவர் போவதில்லை. வலக்கை ஆக்சிலேட்டரில் இருப்பதால் சைகைகள் இடக்கையால் காட்டப்படுகின்றன.

நேர்ச்சாலையில் வண்டிகள் இடம் வலமாக மாறி மாறிச் செல்லும். அடுத்த வரிசையில் முன்செல்லும் வண்டிக்கு ஒரு விநாடி, தன் வரிசையில் முன்செல்லும் வண்டிக்கு இரண்டு விநாடி இடைவெளி வேண்டும். மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு விநாடியில் வண்டி சுமார் 22 மீட்டர் கடக்கும். பத்து வண்டிகள் கொண்ட அணியில் ஒன்பது இடைவெளிகள். அணியின் நீளம் ஏறத்தாழ 200 மீட்டர். வளைவுகளில் ஒற்றை வரிசையாகச் செல்லும்போது அது 400 மீட்டர் ஆகும். முந்த வரும் பேருந்துக்கு இடையில் ஒதுங்க இடமிராது. பெரிய கூட்டத்தை ஐந்து முதல் ஏழு வண்டிகள் கொண்ட சிறு அணிகளாகப் பிரிக்க வேண்டும் என்று அமெரிக்க மோட்டார் சைக்கிள் பாதுகாப்பு அறக்கட்டளை அறிவுறுத்துவது இதனால்தான்.

வேகத்தடையில் முதல் வண்டி ஏறி இறங்கி வேகம் எடுக்கும்போது கடைசி வண்டி இன்னும் மெதுவாகவே வந்துகொண்டிருக்கும். இடைவெளியை நிரப்ப அது மற்றவர்களைவிட வேகமாகச் செல்ல நேரிடும். ஆகவே புதியவரைப் பின்னால் விடக் கூடாது. வழிகாட்டிக்கு அடுத்தபடியாகவே அவரை நிறுத்த வேண்டும். அணியின் வேகம் அவருடைய வேகம்தான்.

சட்டமும் சாலையும்

இந்திய மோட்டார் வாகனச் சட்டம், 1988இன் 189ஆம் பிரிவு அனுமதியின்றிப் பொது இடத்தில் வேகப் பந்தயம் விடுவதைக் குற்றமாக்குகிறது. 129ஆம் பிரிவு தலைக்கவசத்தைக் கட்டாயமாக்குகிறது. பந்தயத்துக்கு உரிய இடம் தனித் தடம். சென்னை வட்டாரத்தில் முன்பு சோழவரத்தின் பழைய விமான ஓடுதளத்திலும், பின்னர் இருங்காட்டுக்கோட்டைத் தடத்திலும் பந்தயங்கள் நடந்துவந்துள்ளன.

நெடுஞ்சாலையில் ஓர் அணி விரையும்போது, சாலையோரம் நடப்பவரும், பால் கேனோடு மிதிவண்டியில் வருபவரும், பேருந்துக்கு நிற்கும் பள்ளிப் பிள்ளைகளும் அதே சாலையில்தான் இருக்கிறார்கள். புகைபோக்கியை மாற்றி ஒலியைக் கூட்டிக்கொண்டு ஊருக்குள் போகும் அணியை அவர்கள் ஹாலிஸ்டர் மக்கள் பார்த்தது போலத்தான் பார்ப்பார்கள். ஊர் எல்லையில் வேகத்தைக் குறைத்து, டீக்கடை முன் வழியை மறைக்காமல் வண்டியை நிறுத்தும் கழகங்களும் பல உண்டு. அடுத்த ஞாயிறு அந்த ஊர் வழியே வரும் வேறொரு அணிக்குக் கிடைக்கும் வரவேற்பை அவையே தீர்மானிக்கின்றன.