சிவில் லைன்ஸ்

டெல்லியிலுள்ள உறவினருக்கு நம்மவர் ஒருவர் கடிதம் எழுதுகிறார். உறையின்மேல் 'சிவில் லைன்ஸ்' என்று குறித்து, ஊர்ப்பெயரை எழுத மறந்துவிட்டாரானால் அஞ்சற்காரர் பாடு திண்டாட்டந்தான். அலகாபாத் என வழங்கிய பிரயாகராஜிலும், கான்பூரிலும், நாகபுரியிலும், ஜபல்பூரிலும் அப்பெயருடைய பகுதி உண்டு. எல்லை கடந்து லாகூரிலும் உண்டு.

இத்தனை ஊர்களுக்குப் பொதுவான இப்பெயரின் பொருள் யாது? 'சிவில்' என்பது படைத்துறை சாராத நிருவாகத்தைக் குறிக்கும். 'லைன்ஸ்' என்பதோ பாசறைச் சொல். கூடாரங்களும் சிப்பாய்களின் குடிசைகளும் வரிசை வரிசையாக நின்றமையால் அவர்தம் இருப்பிடம் இப்பெயர் பெற்றது. காவலர் குடியிருப்பை வடநாட்டார் இன்றும் 'போலீஸ் லைன்' என்றே சொல்கின்றனர். படையில் சேராத ஆங்கில அதிகாரிகள் நகருக்கு வெளியே குடியேறிய பகுதி சிவில் லைன்ஸ் ஆயிற்று. பெயரில்தான் வரிசை, பரந்த தோட்டத்தின் நடுவே ஒரு பங்களா, அடுத்தது கூப்பிடு தூரத்தில்.

டெல்லியில் இப்பகுதி பழைய நகர மதிலுக்கு வடக்கே, காஷ்மீர் வாயிலுக்கு அப்பால் உள்ளது. இங்கே யமுனைக் கரையில் எழுந்த மெட்காஃப் மாளிகை 1857-ஆம் ஆண்டுக் கிளர்ச்சியில் சூறையாடப்பட்டது. 1911 டிசம்பரில், தலைநகர் கல்கத்தாவிலிருந்து டெல்லிக்கு மாறும் என்ற அறிவிப்பு வந்தது. புது டெல்லி எழும்வரை அரசாங்கத்துக்கு ஓர் இடம் வேண்டுமே! 1912-இல் இங்கே ஒரு செயலகம் கட்டினர். இன்று டெல்லிச் சட்டமன்றம் கூடுவது அக்கட்டடத்தில்தான். 1931-இல் புது டெல்லி திறப்புவிழாக் கண்டது. அதிகாரம் தெற்கே பெயர்ந்தது. பெயர் மட்டும் பெயரவில்லை. 2004 முதல் மெட்ரோ நிலையம் ஒன்றும் அதைத் தாங்கி நிற்கிறது.

இச்சொல்லின் மற்றொரு கிளை நம்மவர் வாழ்விலே படர்ந்தது. இலங்கை மலையகத்துத் தோட்டங்களில், தமிழகத்திலிருந்து சென்ற தொழிலாளர் வாழ்ந்த நீண்ட கட்டடங்களையும் துரைமார் 'லைன்ஸ்' என்றே அழைத்தனர். தமிழ் நாவில் அது 'லயம்' ஆயிற்று. இசையின் லயத்துக்கும் அதற்கும் உறவில்லை. அங்கே வரிசை உண்மையான வரிசை. ஒரே கூரையின்கீழ் அடுத்தடுத்து அறைகள். குடும்பத்துக்குப் பெரும்பாலும் ஓர் அறை. பத்தடிக்குப் பன்னிரண்டடி என்பது பழைய கணக்கு. பங்களா என்ற சொல்லும் அங்கே உண்டு. அது துரைக்கு உரியது. அதிகாரியின் மாளிகைக்கும் கூலியாளின் அறைக்கும் ஒரே சொல்லை ஆண்டவர்களுக்கு இதில் முரண் ஏதும் தோன்றியதாகத் தெரியவில்லை.

1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களுள் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 அக்டோபரில், அவர்களுள் 5,25,000 பேரை இந்தியா ஏற்பதென்று லால் பகதூர் சாஸ்திரியும் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் ஒப்பந்தம் செய்துகொண்டனர். அது கையெழுத்தானது இதே டெல்லி மாநகரில். லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களின் கருத்தை எவரும் கேட்கவில்லை.

மலையகத்தில் இன்றும் பல குடும்பங்கள் லயங்களிலேயே வாழ்கின்றன. அவ்வறைகளுக்கு நெடுங்காலம் தனி முகவரி கிடையாது. ஊரிலிருந்து கடிதம் வந்தால், அது தோட்ட அலுவலகத்துக்கே போய்ச் சேரும்.