தேங்காய் எண்ணெய் விலை ஏறிடுச்சு. வீட்டு சோப்புக்கு எந்த எண்ணெய்?

மட்டாஞ்சேரி கடையில் தேங்காய் எண்ணெய் விலையைக் கேட்டுட்டு, ‘பாமாயில் போட்டா சோப்பு வராதா?’ன்னு யோசிக்கிறீங்களா? வரும். ஆனால் பழைய அளவில் காஸ்டிக் சோடா போடக் கூடாது.

1917-ல் தொடங்கிய டாடா ஆயில் மில்ஸ், கொச்சி டாடாபுரத்தில் ஆலை வைத்ததே கொப்பரையை நம்பித்தான். 501, ஹமாம் எல்லாம் அப்போ அந்த கம்பெனி சோப்புகள். 2025 ஜூலையில் அதே கேரளத்தில் தேங்காய் எண்ணெய் லிட்டருக்கு 400 ரூபாயைத் தாண்டியது.

நல்ல நுரைக்குத் தேங்காய் எண்ணெய் வேணும். முழுக்க அதுவே என்றால் தோல் வறளும். 500 கிராமுக்கு இப்படிப் பிரிக்கலாம்: தேங்காய் 150, பாமாயில் 300, விளக்கெண்ணெய் 50. வாசனை எண்ணெயை விட்டுடுங்க. பர்ஸைக் காலி செய்வது அதுதான்.

இப்போ கணக்கு. ஒரு கிராம் தேங்காய் எண்ணெய்க்கு 0.183 கிராம் காஸ்டிக் சோடா, பாமாயிலுக்கு 0.142, விளக்கெண்ணெய்க்கு 0.128. மொத்தம் சுமார் 76.5 கிராம்; பாதுகாப்புக்கு 5% குறைத்தால் 72.6. முழுத் தேங்காய் எண்ணெய் சோப்புக்கு இதே கணக்கில் 87 கிராம். அதை இந்தக் கலவையில் போட்டால் 10 கிராம் காரம் மிஞ்சும், தோல் எரியும். ஸ்பூன் அளவெல்லாம் வேண்டாம், டிஜிட்டல் தராசுதான்.

தண்ணீர் 150 கிராம். காஸ்டிக் சோடாவைத் தண்ணீரில் போடணும். மாற்றிச் செய்தால் கொதித்துத் தெறிக்கும். கையுறை, பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அலுமினியப் பாத்திரம் அரிக்கும், எவர்சில்வர் போதும். மறுநாள் வெட்டி 4 வாரம் காற்றாட வைங்க, கொச்சி மழைக்காலத்தில் 6 வாரம்.