மாதுளை: முத்துக்கு ஒரு வேலை, தோலுக்கு ஒரு வேலை

சாங்கி பொது மருத்துவமனையில் உறவினர் ஒருவர் படுத்திருக்கிறார் என்றால், பார்க்கப் போகும் குடும்பத்தார் பெரும்பாலும் தேக்கா பக்கம் போய்விட்டுத்தான் கிளம்புவார்கள். ஆப்பிள் ஒரு பை, ஆரஞ்சு ஒரு பை வாங்கியாகிவிடும். ஆனாலும் வீட்டுப் பெரியவருக்கு மனம் நிறையாது. "மாதுளம்பழம் வாங்கினீங்களா?" என்று கேட்பார். பிரசவமான பெண்ணுக்கும், காய்ச்சல் விட்டு எழுந்த பிள்ளைக்கும் அதே பழம்தான். காரணம் கேட்டால் பதில் ஒன்றே: "ரத்தம் ஊறும்."

இந்த நம்பிக்கை எவ்வளவு தூரம் சரி? மாதுளையின் வரலாற்றைப் புரட்டினால் ஓர் உண்மை தெரியவருகிறது. நம் முன்னோர் இந்த மரத்தின் பிஞ்சுக்கு ஒரு வேலை, முத்துக்கு ஒரு வேலை, தோலுக்கு ஒரு வேலை, வேருக்கு ஒரு வேலை என்று பிரித்து வைத்திருந்தார்கள். எல்லா வேலையையும் பழச்சாற்றின் தலையில் கட்டியவர்கள் பின்னால் வந்த நாம்தான்.

பாணன் உண்ட மாதுளைக் கறி

மாதுளையின் தாயகம் ஈரானும் அதைச் சுற்றியுள்ள நிலமும் என்பது தாவரவியலார் கருத்து. அங்கிருந்து வடமேற்கு வழியாக இந்தியாவுக்குள் வந்த மரம், சங்க காலத்திலேயே தமிழ்நாட்டு அடுக்களையை எட்டிவிட்டது.

இதற்குச் சான்று பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படை. கடியலூர் உருத்திரங்கண்ணனார், காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைப் பாடிய நூல் இது. பரிசில் பெறப் போகும் பாணன், வழியில் அந்தணர் வீடுகளில் என்ன உணவு பெறுவான் என்பதைப் புலவர் விவரிக்கிறார். மாதுளம் பிஞ்சைப் பிளந்து, பசு வெண்ணெயில் வேகவைத்து, மிளகுப் பொடியும் கறிவேப்பிலையும் கலந்த பொரியல். அதோடு சோறும் மாங்காய் ஊறுகாயும்!

ஏறத்தாழ 1,800 ஆண்டுகளுக்கு முந்தைய சமையல் குறிப்பு இது. மிளகாய் அமெரிக்காவிலிருந்து வருவதற்கு வெகு காலம் முன்பு, காரத்துக்கு மிளகுதான். அன்று மாதுளை பழம் மட்டுமல்ல, காய்கறியும்கூட. இன்று தயிர்சாதத்தின் மேல் நாலு முத்து தூவுவதோடு நம் சமையலில் அதன் பங்கு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. வடஇந்தியர்கள் காட்டு மாதுளையின் முத்துக்களைக் காயவைத்து, ‘அனார்தானா’ என்ற பெயரில் புளிப்புக்காகக் கொண்டைக்கடலைக் குழம்பிலும் சமோசாவிலும் சேர்க்கிறார்கள்.

மூன்று சமூகம், ஒரு மரம்

சிங்கப்பூரில் இந்த மரத்துக்கு இன்னும் உறவினர்கள் உண்டு. மலாய் மொழியில் மாதுளைக்கு ‘டெலிமா’ என்று பெயர். சமஸ்கிருத ‘தாடிமம்’ கடல் கடந்து போய் அப்படி ஆயிற்று. மாணிக்கக் கல்லுக்கும் மலாய்க்காரர்கள் அதே பெயரை வைத்தார்கள். திருக்குர்ஆனில் மாதுளை மூன்று இடங்களில் சொல்லப்படுகிறது.

சீனர்களுக்கு அது ‘ஷிலியூ’. விதை நிறைந்த பழம் என்பதால் பிள்ளைச் செல்வத்துக்கு அடையாளம். இறுதிச் சடங்குக்குப் போய் வந்தவர்கள் மாதுளை இலை போட்ட தண்ணீரால் முகம் கழுவுவது சீனக் குடும்பங்கள் பலவற்றில் உள்ள வழக்கம். அடுக்குமாடி வீடுகளின் நடைபாதையில் மாதுளைத் தொட்டியைப் பார்ப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம் கோவில்களில் மகா கணபதியின் கையில் இருப்பது மாதுளை. லலிதா சகஸ்ரநாமம் அம்பாளின் நிறத்தை மாதுளம்பூவுக்கு ஒப்பிடுகிறது. ஒரே மரத்தின் பெயரையும் இலையையும் பூவையும் ஆளுக்கொன்றாகப் போற்றி வைத்திருக்கிறார்கள் இந்தத் தீவின் மக்கள்.

வயிற்றைக் கட்டிய தோல்

இனி மருத்துவத்துக்கு வருவோம். வயிற்றுப்போக்கு உயிரைக் குடித்த காலம் ஒன்று இருந்தது. அதைப் புரிந்துகொள்ள வெகுதூரம் போகவேண்டாம். 1942 பிப்ரவரி 15-ஆம் தேதி சிங்கப்பூர் ஜப்பானியர் வசமான பிறகு, ஏறத்தாழ 50,000 போர்க்கைதிகள் சாங்கி வட்டாரத்தில் அடைக்கப்பட்டார்கள். நெரிசலிலும் அசுத்தத்திலும் சீதபேதி பரவியது. மருந்து போதாத இடத்தில் வயிற்று நோய் ஆளை எப்படி உருக்கும் என்பதற்கு அதுவே சாட்சி.

நம் கிராமங்கள் பல தலைமுறையாக அந்த நிலையில்தான் வாழ்ந்தன. அங்கே கைகொடுத்தது மாதுளம் பழத்தோல். காயவைத்துப் பத்திரப்படுத்தி, வேண்டும்போது கஷாயமாக்கியோ, பொடித்து மோரில் கலந்தோ கொடுத்தார்கள். தோலில் டானின் என்ற துவர்ப்புச் சத்து நிறைந்திருக்கிறது. தோல் பதனிடவும் துணிக்கு மஞ்சள் சாயமேற்றவும் பயன்பட்ட அதே சத்துதான் இது. ‘துவர்ப்பு கட்டும்’ என்று பாட்டிமார் சொன்னது இதைத்தான்.

ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. வயிற்றுப்போக்கில் உயிருக்கு ஆபத்து வருவது முக்கியமாக உடம்பில் நீர் வற்றுவதால். தோல் கஷாயம் அதை ஈடுகட்டாது. இன்று முதல் மருந்து உப்பும் சர்க்கரையும் சரியான அளவில் கலந்த கரைசல்தான்.

வேர்ப்பட்டையின் வேலை வேறு. அது தட்டைப்புழுவை வெளியேற்ற உதவியது. 19-ஆம் நூற்றாண்டில் ஐரோப்பிய மருத்துவர்களும் இந்திய வழக்கத்தைப் பார்த்து அதைக் கையாண்டார்கள். 1878-இல் சார்ல்ஸ் டான்ரே என்ற பிரெஞ்சுக்காரர் அதிலுள்ள மருந்துப் பொருளைப் பிரித்தெடுத்தார். அளவு மீறினால் அது நஞ்சு. கண் பார்வையையே பாதிக்கும். எனவே வீட்டில் சோதித்துப் பார்க்கும் விஷயம் அல்ல அது.

ரத்தம் ஊறுமா?

இப்போது அந்தப் பெரிய கேள்வி. 100 கிராம் மாதுளை முத்துக்களில் உள்ள இரும்புச்சத்து ஏறத்தாழ 0.3 மில்லிகிராம். கர்ப்பிணிக்கு நாள் ஒன்றுக்குத் தேவை என்று சொல்லப்படுவது 27 மில்லிகிராம். கணக்குப் போட்டால், பழத்தை மட்டும் நம்பும் பெண் தினமும் ஒன்பது கிலோ முத்து சாப்பிடவேண்டும்!

பழத்தின் சிவப்பு ரத்தத்தை நினைவூட்டுகிறது. அந்தச் சிவப்பு ஆந்தோசயனின் என்ற நிறமியால் வருவது. அதற்கும் இரும்புக்கும் சம்பந்தமில்லை.

அப்படியானால் முன்னோர் ஏமாந்தார்களா? இல்லை. சித்த மருத்துவத்தில் மாதுளை மணப்பாகு என்ற இனிப்பு மருந்து பித்தம், வாந்தி, வாய்க்கசப்பு ஆகியவற்றுக்கு உரியது. சோகைக்கு, அதாவது ‘பாண்டு’ நோய்க்கு, வைத்தியர்கள் கையில் எடுத்தவை அயச்செந்தூரம், அன்னபேதி செந்தூரம் போன்றவை. இரண்டும் இரும்பிலிருந்து செய்யப்படுபவை. குமட்டலுக்குப் பழம், ரத்தத்துக்கு இரும்பு என்று அவர்கள் தெளிவாகவே இருந்தார்கள். குழப்பம் நம்முடையது.

போத்தலில் என்ன இருக்கிறது?

இந்தக் குழப்பம் வணிகர்களுக்கு நல்ல வாய்ப்பு. அமெரிக்காவில் ‘மாதுளை-புளூபெரி’ என்று பெரிய எழுத்தில் விற்ற ஒரு பானத்தில் இருந்த மாதுளைச்சாறு வெறும் 0.3 விழுக்காடு. மிச்சமெல்லாம் பெரும்பாலும் ஆப்பிள், திராட்சைச் சாறு. அது தொடர்பான வழக்கு 2014-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் வரை போனது. வழக்குத் தொடுத்த மாதுளைச்சாறு நிறுவனமும் தப்பவில்லை. தன் சாறு இதய நோயையும் புற்றுநோயையும் தடுக்கும் என்று அது செய்த விளம்பரங்கள் தவறாக வழிநடத்துபவை என 2013-இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் முடிவு செய்தது.

நூறு விழுக்காடு சுத்தமான சாறு என்றாலும் யோசிக்கவேண்டும். 100 மில்லிலிட்டரில் சுமார் 12 கிராம் சர்க்கரை உண்டு. சிங்கப்பூரில் 2022 டிசம்பர் 30 முதல் நடப்பில் உள்ள ‘நியூட்ரி-கிரேட்’ முறையில், 10 கிராமுக்கு மேல் போனாலே கடைசித் தரமான ‘டி’தான். சீனர்களைவிட இந்தியர்களிடமும் மலாய்க்காரர்களிடமும் நீரிழிவு அதிகமாக உள்ள நாட்டில் இது சிறிய விஷயமல்ல. முத்தாகச் சாப்பிட்டால் 100 கிராமில் நாலு கிராம் நார்ச்சத்தாவது சேரும். சாறாக்கி வடிகட்டினால் அதுவும் போய்விடும்.

மாதுளை மட்டமான பழம் என்பது இதன் பொருளல்ல. ருசியானது, வாய்க்கசப்பை மாற்றுவது, கொஞ்சம் வைட்டமின் சியும் தருவது. இரண்டாயிரம் ஆண்டு உறவு கொண்ட பழத்துக்கு அந்தப் பெருமை போதும். இல்லாத பெருமை தேவையில்லை.

எனவே அடுத்த முறை சாங்கி மருத்துவமனைக்குப் போகும்போது மாதுளை வாங்கிப் போங்கள். போத்தலில் வேண்டாம். பழமாக வாங்கி, உரித்து, முத்துக்களை ஒரு டப்பாவில் போட்டுக் கொடுங்கள். உரிக்கத் தெம்பில்லாதவருக்கு அந்தச் சிரமத்தை நாம் எடுத்துக்கொள்வதே ஒரு வைத்தியம். கொடுத்துவிட்டு, மறக்காமல் இதையும் கேளுங்கள்: "டாக்டர் கொடுத்த இரும்பு மாத்திரையைச் சாப்பிட்டாயாம்மா?"