விலைக்கு வாங்கிய சுட்டிகள்

போன தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தபோது பீளமேட்டில் அந்த அண்ணனைப் பார்த்தேன். வெட் கிரைண்டர் கடை வைத்திருப்பவர். காபி வாங்கிக் கொடுத்துவிட்டு, "ஏனுங் தம்பி, உங்க கம்பெனிக்காரங்க நமக்குப் பண்ணிக் குடுத்த வேலை ஞாபகம் இருக்குங்களா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். சிரித்தது அவர் பெருந்தன்மை. எனக்குக் காபி இறங்கவில்லை. இந்தப் பதிவு அவருக்கு அன்றைக்கு நான் சொல்லாத பதில். கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2006-ல் தில்லிக்கு ரயிலேறி வந்து நொய்டாவில் ஒரு சின்னக் கம்பெனியில் சேர்ந்தேன். வீட்டில் "சாஃப்ட்வேர்" என்று சொல்லியிருந்தேன். செய்தது "லிங்க் பில்டிங்", அதாவது சுட்டி சேர்க்கும் வேலை. பன்னிரண்டு பேர் உட்கார்ந்த ஒரு அறை, ஆளுக்கொரு எக்ஸெல் ஷீட். அமெரிக்காவில் இன்சூரன்ஸ் விற்பவன், லண்டனில் பூ விற்பவன் என்று யாரோ ஒருவருடைய தளத்தின் பெயரை நூற்றுக்கணக்கான டைரக்டரித் தளங்களில் பதிய வேண்டும். கோணல் மாணல் எழுத்தைப் பார்த்துத் தட்டச்சு செய், அனுப்பு, அடுத்தது. சாயங்காலம் மேனேஜர் வந்து எத்தனை என்று எண்ணுவார். சில பெரிய தளங்களிடம் மாத வாடகைக்குச் சுட்டி வாங்குவோம். இந்தியாவில் இப்படிப் பொட்டி தட்டியவர்கள் நிறைய. படிக்கும் உங்கள் வீட்டிலேயே ஒருவர் இருக்கலாம் :-)

ஏன் ஒருவன் இன்னொரு தளத்தில் சுட்டி வைக்கக் காசு கொடுக்கிறான்? தில்லியில் வாடகைக்கு வீடு தேடியவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். வீட்டுக்காரர் முதலில் கேட்பது, "யார் சொல்லி வந்தீங்க?" என்பதுதான். சொன்ன ஆள் மதிப்பான ஆளாக இருந்தால் கதவு திறக்கும். ஸ்டான்ஃபோர்டில் படித்துக்கொண்டிருந்த லாரி பேஜும் செர்கே பிரின்னும் 1998-ல் வெளியிட்ட பேஜ்ரேங்க் அந்தக் கணக்குதான். ஒரு பக்கத்துக்கு வரும் ஒவ்வொரு சுட்டியும் ஒரு சிபாரிசு. சிபாரிசு செய்கிறவருக்கு யாரெல்லாம் சிபாரிசு செய்திருக்கிறார்கள் என்பதையும் பார்ப்பார்கள். ஒரே ஆள் நூறு பேருக்குச் சொன்னால் அவர் மதிப்பு நூறாகப் பிரிந்துவிடும். அதற்கு முன்னிருந்த தேடுபொறிகள் பக்கத்தில் ஒரு சொல் எத்தனை முறை வருகிறது என்பதைப் பெரிதாக நம்பின, எளிதில் ஏமாந்தன. கூகிள் ஜெயித்ததற்கு இந்தச் சிபாரிசுக் கணக்கு முக்கியமான காரணம்.

சிபாரிசுக்கு மதிப்பு வந்தால் அதற்கு விலையும் வரும். இதில் கூகிளும் ஒரு காரியம் செய்தது. 2000 டிசம்பரில் அவர்கள் விட்ட டூல்பாரில் ஒரு பச்சைக் கோடு இருக்கும், எந்தப் பக்கத்துக்கும் 0 முதல் 10 வரை மதிப்பெண் காட்டும். நாங்கள் சுட்டிக்கு விலை பேசியது அந்தப் பச்சைக் கோட்டைப் பார்த்துத்தான். நாலு என்றால் ஒரு விலை, ஆறு என்றால் வேறு விலை. பொருளின் மேல் விலைச் சீட்டை ஒட்டித் தெருவில் வைத்துவிட்டு, யாரும் வாங்கக் கூடாது என்று சொன்ன மாதிரி. என் பார்வையில் இந்தக் கதையின் பாதிப் பழி அந்தக் கோட்டைச் சேரும். கடைசியில் 2016-ல்தான் அதை எடுத்தார்கள்.

முதல் சண்டை 2002-ல் வந்தது. ஒக்லஹோமாவில் பாப் மாஸா என்பவர் நடத்திய சர்ச்கிங் கம்பெனி, அந்த வருடம் ஆகஸ்டில் வெளிப்படையாகவே ஒரு தரகுத் தொழில் தொடங்கியது. பேஜ்ரேங்க் அதிகமுள்ள தளங்களில் சுட்டிக்கு இடம் பிடித்துத் தருவது, மதிப்பெண்ணுக்கு ஏற்ற விலை. கொஞ்ச நாளில் சர்ச்கிங்கின் மதிப்பெண் 8-லிருந்து 4-க்கு விழுந்தது. அக்டோபரில் மாஸா வழக்குப் போட்டார். பிழைப்பைக் கெடுத்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். பேஜ்ரேங்க் என்பது எங்கள் அபிப்பிராயம், அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அதைக் காக்கிறது என்றது கூகிள். 2003 மே மாதம் நீதிமன்றம் வழக்கைத் தள்ளுபடி செய்தது. வேண்டுமென்றே குறைத்தார்கள் என்றே வைத்துக்கொண்டாலும் அது அபிப்பிராயம்தான், பொய்யென்று நிரூபிக்கக்கூடிய உண்மைக் கூற்று அல்ல என்பது தீர்ப்பின் சாரம்.

எனக்கு இது இன்றைக்கும் உறுத்துகிறது. "இது எங்கள் அபிப்பிராயம் அல்ல, கணிதம் தானாகச் சொல்கிறது" என்று பயனர்களிடம் பேசுகிற அதே கம்பெனி, கோர்ட்டில் மட்டும் "அபிப்பிராயம்" என்கிறது. ஆனால் மாஸாவுக்காகவும் எனக்குக் கண்ணீர் வரவில்லை. அவர் விற்றது சிபாரிசை. அதற்கு மதிப்புக் கொடுப்பதும் கொடுக்காததும் கேட்பவர் இஷ்டம் என்பதும் நியாயம்தானே? 2006-ல் குழந்தை வளர்ப்புத் தகவல் தரும் கிண்டர்ஸ்டார்ட் என்ற தளம் கலிஃபோர்னியாவில் தொடுத்த வழக்கும் மறு வருடம் தள்ளுபடியானது. அதன்பின் கோர்ட் பக்கம் போவதில் பயனில்லை என்று தளக்காரர்களுக்குப் புரிந்துபோனது.

கோர்ட் கைகழுவியதால் விதியும் கூகிளுடையது, தீர்ப்பும் கூகிளுடையது என்றாகிவிட்டது. 2005 ஜனவரியில் கூகிள், யாஹூ, எம்.எஸ்.என். மூன்றும் சேர்ந்து "நோ ஃபாலோ" என்றொரு குறியைக் கொண்டுவந்தன. வலைப்பூக்களின் பின்னூட்டப் பெட்டியில் மாத்திரைக் கடைக்காரர்கள் குப்பை கொட்டியதைத் தடுக்க வந்தது அது. சுட்டியோடு இந்தக் குறியைச் சேர்த்தால் அது சிபாரிசுக் கணக்கில் வராது. சீக்கிரமே, காசு வாங்கி வைக்கும் சுட்டிக்கும் இதைப் போட வேண்டும் என்று விதி நீண்டது. அதே வருடம் ஆகஸ்டில் டிம் ஓரைலியின் கம்பெனித் தளங்களிலேயே இப்படி விற்ற சுட்டிகள் இருப்பது வெளியே வந்து பெரிய விவாதம் ஆனது. நம்மில் பலருக்கு புரோகிராமிங் கற்றுக்கொடுத்த புத்தகங்களைப் போட்டவர்! மறைக்காமல் தன் தளத்தில் அதைப் பற்றி எழுதி, வாசகர்களிடமே கருத்துக் கேட்டார்.

2007 ஏப்ரலில் கூகிளின் மாட் கட்ஸ், விலைச் சுட்டிகளைக் கண்டால் எங்களிடம் சொல்லுங்கள் என்று எழுதினார். எங்கள் அறையில் அன்று ஒரே சிரிப்பு. அக்டோபரில் சிரிப்பு நின்றது. வாஷிங்டன் போஸ்ட், ஃபோர்ப்ஸ் போன்ற பெரிய தளங்களின் பச்சைக் கோடே சுருங்கியது. காசு வாங்கிப் பதிவெழுதிக்கொண்டிருந்த எத்தனையோ சாதாரண வலைப்பதிவர்களுக்கு அடுத்த மாதம் அது பூஜ்யமே ஆனது. பெரியவர்களுக்குக் கோடு குறைந்ததால் வாசகர் வரவு ஒன்றும் பெரிதாகக் குறையவில்லை. மாதம் ஐந்து, பத்துப் பதிவு எழுதிக் கைச்செலவுக்குச் சம்பாதித்த இல்லத்தரசிக்கு வருமானமே அந்த எண்ணை நம்பித்தான் இருந்தது.

கூகிள் தன் ஆட்களை மட்டும் தப்பவிட்டது என்று சொல்ல முடியாது. 2009 பிப்ரவரியில் கூகிள் ஜப்பான் காசு கொடுத்துப் பதிவு எழுத வைத்தது தெரிந்ததும் அதன் மதிப்பெண்ணை 9-லிருந்து 5-க்கு இறக்கினார்கள். 2012 ஜனவரியில் குரோம் உலாவிக்கான விளம்பரப் பதிவு ஒன்றில் குறி போடாத சுட்டி இருந்ததென்று, குரோமின் பக்கத்துக்கே 60 நாள் தண்டனை. இதை நான் பாராட்டித்தான் ஆக வேண்டும். குரோம் வேண்டுமென்றால் மக்கள் நேரே தேடி வரத்தான் போகிறார்கள் என்பது வேறு விஷயம்.

எல்லோரும் நினைவில் வைத்திருப்பது ஜே.சி. பென்னி கதை. அமெரிக்காவின் பழைய பலசரக்குத் துணிக்கடை. 2010 கிறிஸ்துமஸ் சமயத்தில் உடை, படுக்கை விரிப்பு, தரைவிரிப்பு என்று எதைத் தேடினாலும் அவர்கள் பெயர்தான் முதலில். சாம்சனைட் பெட்டியைத் தேடினால் சாம்சனைட்டுக்கே மேலே! நியூயார்க் டைம்ஸ் ஒரு நிபுணரிடம் கேட்க, பெரும்பாலும் சம்பந்தமே இல்லாத 2,015 பக்கங்களில் சுட்டி நட்டு வைத்திருந்தது தெரிந்தது. 2011 பிப்ரவரியில் செய்தி வந்தது. வருவதற்குச் சற்று முன்பே கூகிள் கை வைத்துவிட்டது. சாம்சனைட் தேடலில் 1-ல் இருந்தவர்கள் 71-க்குப் போனார்கள். நாங்கள் வாங்கவில்லை, எங்களுக்குத் தெரியாது என்று சொல்லி, தேடல் வேலை பார்த்த கம்பெனியை அனுப்பிவிட்டார்கள். சுமார் மூன்று மாதத்தில் திரும்பி வந்தார்கள்.

அதே மாதம் ஓவர்ஸ்டாக். கல்லூரித் தளங்களில் எங்களுக்குச் சுட்டி கொடுத்தால் மாணவர்களுக்கும் ஆசிரியர்களுக்கும் 10 சதவீதம் தள்ளுபடி என்று திட்டம் போட்டவர்கள். இரண்டு மாதம் கீழே. 2013 பிப்ரவரியில் இங்கிலாந்தின் பூக்கடை இன்டர்ஃப்ளோரா, உள்ளூர்ப் பத்திரிகைகளில் விளம்பரக் கட்டுரைகள் போட்டதற்காகத் தன் சொந்தப் பெயரைத் தேடினாலும் கிடைக்காத நிலைக்குப் போனது. பதினோரு நாளில், அங்கத்திய அன்னையர் தினத்துக்கு முன்பே, திரும்பிவிட்டது. அந்த வருடம் கிறிஸ்துமஸில் மாட்டிய பாட்டு வரித் தளம் ராப் ஜீனியஸுக்குப் பத்து நாள். பெரிய முதலீட்டாளர் பணமும், சுட்டிகளைத் தேடி அழிக்க நிரல் எழுதும் பொறியாளர்களும் அவர்களிடம் இருந்தார்கள்.

பத்து நாள், பதினோரு நாள், மூன்று மாதம். இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொண்டு பீளமேட்டுக்கு வாருங்கள்.

2009-ல் அந்த அண்ணன் ஒரு தளம் தொடங்கினார். அமெரிக்காவிலும் தில்லியிலும் பம்பாயிலும் இருக்கும் நம்மவர்களுக்கு, ஊர் வோல்டேஜுக்கு ஏற்ற மோட்டார் போட்டு டேபிள் டாப் கிரைண்டர் அனுப்புவார். என்னிடம் யோசனை கேட்டார். "எங்க கம்பெனியிலேயே குடுங்கண்ணா, நல்லாச் செய்வாங்க" என்றேன். சொன்னது நான்தான். மாதா மாதம் பணம் கட்டினார். எங்கள் ஆட்கள் வழக்கமான வேலையைச் செய்தார்கள். போலந்து நாட்டு டைரக்டரி, நாய்க்குட்டி வளர்ப்புப் பதிவு என்று கண்ட இடத்தில் எல்லாம் "வெட் கிரைண்டர்" என்ற சுட்டி. மாதக் கடைசியில் அவருக்குப் போகும் ரிப்போர்ட்டில் எண்ணிக்கை மட்டும் இருக்கும். அவர் அதைப் பிரிண்ட் எடுத்து ஃபைல் போட்டு வைத்திருந்தார், பாவம்.

2012 ஏப்ரல் 24 அன்று கூகிள் பெங்குவின் என்ற மாற்றத்தைக் கொண்டுவந்தது. முன்பு ஆள் பார்த்துத் தண்டனை கொடுத்தார்கள், இப்போது நிரலே கொடுக்கும். ஆள் கொடுத்த தண்டனைக்கு மறுபரிசீலனை மனு போடலாம், பதிலும் வரும். நிரல் கொடுத்ததற்கு மனுப் போட இடமே இல்லை. சுட்டிகளை அகற்றிவிட்டு, அடுத்த முறை பெங்குவின் ஓடும்வரை காத்திருக்க வேண்டும். 2013 அக்டோபரில் ஒரு முறை ஓடியது. அடுத்தது 2014 அக்டோபர். அதற்கடுத்தது 2016 செப்டம்பர்! 2014 நவம்பரில் ஒரு கடைக்காரர் எல்லாக் குப்பையையும் சுத்தம் செய்து முடித்திருந்தால், அது கணக்கில் ஏற அவர் ஏறக்குறைய இரண்டு வருடம் காத்திருக்க வேண்டியிருந்தது. என் மனதில் நிற்கும் அநியாயம் இதுதான். தப்பே செய்யவில்லை என்று நான் சொல்ல வரவில்லை. தப்பைத் திருத்திய பிறகும் தண்டனை ஓடியது, எத்தனை நாள் என்று யாரும் சொல்லவில்லை.

அண்ணனின் தளத்துக்கு வரும் விசாரணை அந்த மே மாதமே நின்றது. என் பழைய கம்பெனியோ போனை எடுக்கவில்லை. நான் அப்போது அங்கிருந்து விலகி குர்காவ்னில் வேறு வேலைக்கு வந்திருந்தேன். இரவில் உட்கார்ந்து, டைரக்டரிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் சுட்டியை எடுக்கச் சொல்லி மெயில் போட்டேன். சிலர் எடுப்பதற்குக் காசு கேட்டார்கள்! வைக்கவும் காசு, எடுக்கவும் காசு. 2012 அக்டோபரில் கூகிள் ஒரு கருவி கொடுத்தது, இந்தச் சுட்டிகள் என்னுடையவை அல்ல என்று பட்டியல் அனுப்பலாம். நான் நட்டதை நானே பட்டியலிட்டு அனுப்பினேன். 2014-ல் அண்ணன் தளத்துக்குப் பணம் கட்டுவதை நிறுத்திவிட்டார்.

2016-ல் வந்த நான்காவது பெங்குவின் ரொம்ப மாறிவிட்டது. மோசமான சுட்டியைக் கண்டால் தளத்தைக் கீழே தள்ளாமல் அந்தச் சுட்டியை மதிப்பில்லாததாக ஆக்கிவிடும், அதுவும் உடனுக்குடன். இதை முதலிலேயே செய்திருக்கலாமே என்று பொறியியல் தெரிந்தவர்கள் சொல்லலாம். 2019 செப்டம்பரில் காசு வாங்கிய சுட்டிக்கென்று "ஸ்பான்சர்ட்" என்ற தனிக் குறியும் வந்தது.

கேள்வி மட்டும் தீரவில்லை. 2018 பிப்ரவரியில் நம் நாட்டின் போட்டி ஆணையம் தேடல் முடிவுகளில் பாரபட்சம் காட்டியதாகக் கூகிளுக்கு 135.86 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. புகார் செய்தவர்களில் ஒருவர் பாரத் மேட்ரிமோனி நடத்தும் சென்னைக் கம்பெனி. அது சுட்டி வழக்கு அல்ல, ஆனாலும் தேடல் பக்கத்தை ஒரு கம்பெனியின் சொந்த அபிப்பிராயம் என்று விட்டுவிட முடியாது என்று நம் நாட்டில் ஒரு அமைப்பு நினைத்தது. பிற தளங்களின் பெயரை வாடகைக்கு எடுத்துப் பக்கம் போடுவதற்கு எதிராகக் கூகிள் 2024-ல் கொண்டுவந்த விதி செய்தி நிறுவனங்களை நியாயமில்லாமல் கீழே தள்ளுகிறதா என்று 2025 நவம்பரில் ஐரோப்பிய ஆணையம் விசாரணை தொடங்கியது. ஒக்லஹோமாவில் 2003-ல் ஒரே வரியில் முடிந்தது, அங்கே மறுபடி முதலிலிருந்து.

பீளமேட்டு அண்ணன் இப்போது பெரிய விற்பனைத் தளங்கள் வழியாகத்தான் கிரைண்டர் விற்கிறார். முதல் பக்கத்தில் தெரிய அங்கேயும் விளம்பரக் காசு கட்டுகிறார், பக்கத்தில் சின்ன எழுத்தில் அது விளம்பரம் என்று போட்டுவிடுகிறார்களாம். கிளம்பும்போது பழைய ஃபைலை எடுத்துக் காட்டினார். மாத வாரியாகத் துளை போட்டுக் கோர்த்த ரிப்போர்ட். முதல் பக்கத்தின் மூலையில், "தயாரித்தவர்" என்ற இடத்தில், என் பெயர்.

"இதெ எதுக்குங்கண்ணா இன்னும் வெச்சிருக்கீங்க?" என்றேன்.

"ஆடிட்டர் எட்டு வருசத்துக்கு எதையும் தூக்கிப் போடக் கூடாதுன்னாருங் தம்பி. அப்புறம் மறந்துட்டேன்" என்றார்.