குழந்தையின் இடது தோளில் இருக்கும் அந்தச் சின்னத் தழும்பு: தாம்பரம், கிண்டி, செங்கல்பட்டு வழியாக ஒரு வரலாறு

1/
குழந்தை பிறந்த வீட்டில் ஆறாவது வாரத்தை ஒட்டி ரெண்டு விஷயம் நடக்கும். அதுவரை பாலும் தூக்கமுமா இருந்த குழந்தை அம்மா முகத்தைப் பார்த்து முதல்முறையா சிரிக்கும். அதே சமயத்தில்தான் இடது தோளில் பிசிஜி போட்ட இடம் சிவந்து, கொப்புளமாகி, லேசா சீழ் வைக்கும். காலையில் சிரிப்பை வீடியோ எடுத்து அனுப்பும் அதே அப்பா, ராத்திரி பதினோரு மணிக்கு தோளை ஃபோட்டோ எடுத்து அனுப்புவார். "டாக்டர், இது இன்ஃபெக்‌ஷனா?"

2/
இல்லைங்க. ஊசி வேலை செய்யுதுன்னு அர்த்தம்.
ஆனால் அந்தக் கொப்புளத்துக்குப் பின்னால் நூறு வருஷக் கதை இருக்கு. அதில் பெரும்பகுதி நம்ம பீச் - தாம்பரம் - செங்கல்பட்டு ரயில் பாதையை ஒட்டியே நடந்தது. கொஞ்சம் நீளமான இழை. குழந்தை தூங்கும்போது படிங்க.

3/
சானடோரியம் ஸ்டேஷனில் தினமும் ஏறி இறங்குறவங்க அந்தப் பேர் ஏன் வந்ததுன்னு யோசிச்சிருக்கீங்களா?
1928-ல் டாக்டர் டேவிட் சௌரி முத்து தாம்பரத்தில் ஒரு காசநோய் சானடோரியம் தொடங்கினார். சுமார் 250 ஏக்கர் நிலம். ஆரம்பத்தில் 12 படுக்கைதான். 1937-ல் அரசு அதை ஏற்றுக்கொண்டது. இன்று நெஞ்சக நோய்களுக்கான அரசு மருத்துவமனையாக இயங்குவது அதுதான்.

4/
இந்த முத்து சாதாரண ஆள் இல்லை. அதற்கு முன் இங்கிலாந்தில் மெண்டிப் மலைப் பகுதியில் ஒரு சானடோரியம் நடத்தினார். 1917-ல் அங்கே சிகிச்சைக்கு வந்த ஒரு நோயாளி நம்ம கணிதமேதை ராமானுஜன். (அவருக்கு வந்தது காசநோய்தானா என்று பின்னால் வந்த மருத்துவர்கள் சந்தேகப்பட்டார்கள். அது தனிக் கதை.)

5/
அப்போது காசநோய்க்கு மருந்தே கிடையாது. ஸ்ட்ரெப்டோமைசின் கண்டுபிடிக்கப்பட்டதே 1943-ல். அதற்கு முன்னால் நல்ல காற்று, வெயில், சத்தான சாப்பாடு, ஓய்வு இவைதான் வைத்தியம். அதனால்தான் ஊருக்கு வெளியே, மரங்களுக்கு நடுவே சானடோரியம் கட்டினார்கள். அன்றைய தாம்பரம் ஊருக்கு வெளியேதான் இருந்தது.

6/
இதை ஒரு அம்மாவின் இடத்திலிருந்து யோசிச்சுப் பாருங்க.
கைக்குழந்தை இருக்கு. இருமல் நிற்கவில்லை. எலும்புருக்கி நோய் என்று சொல்லிவிட்டார்கள். சானடோரியத்தில் மாதக்கணக்கில், சில சமயம் வருடக்கணக்கில் இருக்கணும். குழந்தை பாட்டியிடம். குழந்தையைக் காப்பாற்ற அன்று தெரிந்த ஒரே வழி, அம்மாவிடமிருந்து அதைப் பிரிப்பது. முதல் சிரிப்பு, முதல் அடி, முதல் சொல் எதையும் அந்த அம்மா பார்க்க மாட்டாள்.

7/
பிரித்தார்கள் என்றால் காரணம் இருந்தது. பெரியவர்களுக்கு டிபி பெரும்பாலும் நுரையீரலோடு நிற்கும். கைக்குழந்தையின் உடம்புக்கு அந்தக் கிருமியை ஓரிடத்தில் கட்டிவைக்கும் திறன் இன்னும் வந்திருக்காது. கிருமி ரத்தத்தில் ஏறி உடம்பெங்கும் பரவும். மூளையைச் சுற்றியுள்ள உறையைத் தாக்கினால் அது டிபி மூளைக்காய்ச்சல். பிழைத்தாலும் காது, கண், கை, கால் என்று ஏதாவது ஒன்று பாதிக்கப்படலாம்.

8/
இனி ஊசியின் கதை.
பிரான்ஸில் கால்மெட், கெரான் என்ற இருவர் 1908-ல் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கு, பித்தநீர், கிளிசரின் கலந்த ஊடகத்தில் வளர்க்க ஆரம்பித்தார்கள். மூணு வாரத்துக்கு ஒருமுறை புது ஊடகத்துக்கு மாற்றுவது. இப்படி 13 வருஷம், 230 முறை. முதல் உலகப்போர் நடக்கும்போதும் நிறுத்தவில்லை. கடைசியில் கிருமி உயிரோடு இருந்தது, ஆனால் நோய் உண்டாக்கும் சக்தியை இழந்திருந்தது. அந்தக் கிருமிக்கு அவர்கள் பெயரையே வைத்தார்கள். பிசிஜியில் சி கால்மெட், ஜி கெரான்.

9/
1921-ல் பாரிஸில் முதல் குழந்தைக்குக் கொடுத்தார்கள். ஊசியாக இல்லை, வாய்வழியாக. ஏன் அந்தக் குழந்தை? அம்மா டிபியால் இறந்துவிட்டாள். வளர்க்கப்போகிற பாட்டிக்கும் டிபி. வேறு வழி இல்லாத ஒரு வீட்டில்தான் இந்தத் தடுப்பூசியின் வரலாறு தொடங்குகிறது.

10/
பயந்த பெற்றோரை யாரும் முட்டாள் என்று சொல்லக்கூடாது என்பதற்கும் இந்த வரலாற்றிலேயே சான்று இருக்கிறது. 1930-ல் ஜெர்மனியின் லூபெக் நகரில் சுமார் 250 குழந்தைகளுக்குக் கொடுத்த பிசிஜியில், ஆய்வகத்தில் நடந்த தவறால் நோய் உண்டாக்கும் நிஜ டிபி கிருமி கலந்துவிட்டது. 72 குழந்தைகள் இறந்தன. தவறு தடுப்பூசியில் இல்லை, தயாரிப்பில் என்று விசாரணையில் தெரிந்தது. ஆனால் குழந்தையைப் பறிகொடுத்தவர்களுக்கு அந்த வித்தியாசம் என்ன ஆறுதல் தரும்?

11/
இந்தியாவுக்கு பிசிஜி வந்தது 1948-ல். அதே வருஷம் அதைத் தயாரிக்க ஒரு ஆய்வகம் நம்ம கிண்டியில் தொடங்கியது. கிண்டிக்கு இது புதுசு இல்லை. 1899-ல் அங்கே வந்த கிங் இன்ஸ்டிட்யூட் பெரியம்மைத் தடுப்பு மருந்து தயாரித்துக்கொண்டிருந்த இடம். நாடு முழுக்கக் குழந்தைகளின் தோளில் இறங்கிய பிசிஜி மருந்தில் பெரும்பகுதி பல பத்தாண்டுகள் கிண்டியிலிருந்து போனதுதான்.

12/
எதிர்ப்பும் சென்னையிலிருந்தே வந்தது. எதிர்த்தவர் சாதாரண ஆள் இல்லை, ராஜாஜி! முதலமைச்சர் பதவியிலிருந்து விலகிய அடுத்த வருஷம், 1955-ல், பிசிஜியை ஏன் எதிர்க்கிறேன் என்று தனிப் புத்தகமே போட்டார். உயிருள்ள கிருமியைக் கோடிக்கணக்கான குழந்தைகளுக்குச் செலுத்தப் போகிறீர்களே, பலன் முழுசா நிரூபணம் ஆகிவிட்டதா என்பது அவர் கேள்வி. மத்திய சுகாதார அமைச்சர் ராஜ்குமாரி அம்ரித் கௌர் திட்டத்தை விடவில்லை. நடுவில் பெற்றோர்கள் குழம்பினார்கள். வாட்ஸாப் இல்லாத காலத்திலேயே இந்த நிலைமை.

13/
ராஜாஜி சொன்னதில் எல்லாம் சரி என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் "நிரூபணம் எங்கே?" என்ற கேள்வி நியாயமான கேள்வி. மருத்துவம் அதற்குப் பதில் சொல்லியே ஆகணும். பதில் தேடிய ரெண்டு ஆய்வுகளும் நம்ம பக்கத்தில்தான் நடந்தன.

14/
முதல் ஆய்வு சென்னையில். 1956-ல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் நாலு பேரும் சேர்ந்து ஒரு மையம் தொடங்கினார்கள். இன்று சேத்துப்பட்டில் இருக்கும் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதுதான். கேள்வி எளிமையானது: மருந்து வந்துவிட்டதே, இன்னும் சானடோரியம் தேவையா?

15/
193 நோயாளிகள், பெரும்பாலும் ஏழைகள். சீட்டுக் குலுக்குவதுபோலப் பிரித்து பாதிப்பேருக்கு வீட்டிலேயே மருந்து. மீதிப்பேர் சானடோரியத்தில், நல்ல சாப்பாடும் ஓய்வுமாக. மருந்து ரெண்டு பக்கமும் ஒன்றே. ஒரு வருஷம் கழித்து நோய் அடங்கியவர்கள்: சானடோரியத்தில் 92 சதவீதம், வீட்டில் 86 சதவீதம். நெருக்கடியான வீடு, போதாத சாப்பாடு எல்லாம் இருந்தும் வித்தியாசம் அவ்வளவுதான். 1959-ல் முடிவு வெளியானது.

16/
நம்ம விஷயத்துக்கு முக்கியமானது அடுத்தது. அந்த வீடுகளில் இருந்த குழந்தைகளையும் மற்றவர்களையும் அஞ்சு வருஷம் கவனித்தார்கள். நோயாளியை வீட்டில் வைத்திருந்ததால் கூட இருந்தவர்களுக்கு நோய் அதிகமாக வரவில்லை. பெரிய ஆபத்து நோயைக் கண்டுபிடிக்கும் முன்பு இருந்த நாட்களில்தான்.
அதாவது, அம்மாவையும் குழந்தையையும் பிரிக்கத் தேவையில்லை. மருந்தைச் சீக்கிரம் தொடங்கினால் போதும். சென்னையில் கிடைத்த இந்தப் பதில் உலகம் முழுக்க சானடோரியங்களின் தேவையைக் குறைத்தது.

17/
ரெண்டாவது ஆய்வு செங்கல்பட்டு பிசிஜி ஆய்வு. 1968-ல் தொடங்கியது. அன்றைய செங்கல்பட்டு மாவட்டம் இன்றைய திருவள்ளூரையும் சேர்த்தது. ஆய்வு நடந்தது திருவள்ளூரைச் சுற்றிய கிராமங்களில். சுமார் 2,60,000 பேர். சிலருக்கு பிசிஜி, சிலருக்கு மருந்தில்லாத வெறும் ஊசி. யாருக்கு எது என்று போட்டவர்களுக்கும் தெரியாது. உலகின் மிகப் பெரிய பிசிஜி ஆய்வு இது.

18/
1979-ல் முதல் அறிக்கை வந்தபோது எல்லாருக்கும் அதிர்ச்சி. பெரியவர்களின் நுரையீரல் டிபியை பிசிஜி தடுக்கவில்லை. 15 வருஷக் கணக்கு 1999-ல் வெளியானபோதும் அதே முடிவு. பிரிட்டனில் பள்ளி மாணவர்களிடம் ஏறக்குறைய 80 சதவீதம் பலன் தந்த அதே ஊசி, இங்கே பூஜ்யம். நம்ம மண்ணிலும் தண்ணியிலும் இருக்கும் வேறு வகை மைக்கோபாக்டீரியாக்களுக்கு உடம்பு முன்பே பழகிவிட்டது, ஊசி போடும் முன்பே பலருக்கு டிபி தொற்று இருந்தது என்று பல விளக்கங்கள். விவாதம் இன்னும் முடியவில்லை.

19/
"அப்புறம் ஏன் டாக்டர் இன்னும் என் குழந்தைக்குப் போடுறீங்க?"
சரியான கேள்வி. செங்கல்பட்டு ஆய்வில் ஒரு மாதத்துக்குக் குறைவான குழந்தைகளைச் சேர்க்கவில்லை. அது அளந்தது முக்கியமாகப் பெரியவர்களின் நுரையீரல் நோயை. கைக்குழந்தையை டிபி மூளைக்காய்ச்சலிலிருந்து பிசிஜி காக்குமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வந்த கணக்கு: குழந்தைகளின் டிபி மூளைக்காய்ச்சலை 73 சதவீதம், உடம்பெங்கும் பரவும் டிபியை 77 சதவீதம் தடுக்கிறது.

20/
ஆக, ராஜாஜியின் சந்தேகத்தில் ஒரு பகுதி சரி. பிசிஜி நாட்டிலிருந்து டிபியை விரட்டும் ஊசி இல்லை. ஆனால் உங்க குழந்தையின் மூளைக்குக் காவல் நிற்கும் ஊசி. நம்ம குழந்தைக்குப் போடுவது இந்த ரெண்டாவது காரணத்துக்காகத்தான்.

21/
நடுவில் இன்னொன்றும் நடந்தது. உற்பத்தித் தரவிதிகளைப் பூர்த்தி செய்யவில்லை என்று 2008-ல் கிண்டி ஆய்வகத்தின் உரிமம் நிறுத்தப்பட்டது. கூடவே குன்னூர், கசௌலி நிறுவனங்களுக்கும். 2010-ல்தான் தடை நீங்கியது. லூபெக்கை நினைத்தால் தரம் பார்ப்பது அவசியம்தான். அதே சமயம் பொதுத்துறைத் தடுப்பூசிக் கூடங்களைக் காலத்துக்கேற்ப புதுப்பிக்காமல் விட்டது யார் பொறுப்பு என்று கேட்க வேண்டியதும் அவசியம். பெற்றோருக்கு ஊசி கிடைக்குமா என்ற கவலை வரவே கூடாது.

22/
இப்போ வீட்டுக்கு வருவோம். தோளில் என்ன எதிர்பார்க்கலாம்?
போட்டவுடன் சின்ன மேடு. அரை மணி நேரத்தில் மறையும். ரெண்டிலிருந்து ஆறு வாரத்தில் கட்டி மாதிரி வரும், உடைந்து லேசா சீழ் கசியும், தானே ஆறித் தழும்பாகும். மொத்தமா மூணு மாதம் வரை ஆகலாம்.
அமுக்க வேண்டாம். மஞ்சள், எண்ணெய், ஆயின்மென்ட், பவுடர் எதுவும் வேண்டாம். ஆன்டிபயாடிக் வேண்டாம். குளிப்பாட்டலாம், ஈரத்தை ஒற்றி எடுங்க. பாட்டி கேட்டால் இந்த இழையைப் படிச்சுக் காட்டுங்க.

23/
எப்போது டாக்டரிடம் வரணும்? இடது அக்குளில் நெறி கட்டிப் பெரிதாகிக்கொண்டே போனால், அல்லது அது மெத்தென்று சீழ் கோர்த்தால். புண் மூணு மாதம் தாண்டியும் ஆறாவிட்டால்.
தழும்பே வரவில்லையா? கவலை வேண்டாம். அதற்காக மறுபடி ஊசி போடத் தேவையில்லை.
குழந்தைக்கு எச்ஐவி அல்லது பிறவி எதிர்ப்புசக்திக் குறைபாடு என்ற சந்தேகம் இருந்தால் ஊசிக்கு முன்பே சொல்லிவிடுங்க.

24/
கடைசியா ஒன்று. இதைத்தான் சொல்ல வந்தேன்.
குழந்தைக்கு டிபி பெரும்பாலும் வீட்டுப் பெரியவர் ஒருவரிடமிருந்துதான் வருகிறது. தாத்தா, சித்தப்பா, வீட்டு வேலைக்கு வரும் அக்கா, நீங்களேகூட. ரெண்டு வாரத்துக்கு மேல் இருமல், சாயங்காலக் காய்ச்சல், காரணமில்லாமல் எடை குறைவது இருந்தால் சளிப் பரிசோதனை செய்யுங்க. அரசு மருத்துவமனைகளில் இலவசம், மருந்தும் இலவசம்.

25/
வீட்டில் ஒருவருக்கு உறுதியானால், அஞ்சு வயதுக்குள் உள்ள குழந்தையை உடனே பரிசோதிக்கணும். நோய் இல்லையென்றாலும் தடுப்பு மருந்து உண்டு. அம்மாவுக்கே டிபி என்றாலும் மருந்து சாப்பிட்டு, மாஸ்க் போட்டுக்கொண்டு தாய்ப்பால் தரலாம். கர்ப்பத்திலேயே தெரிந்தால் பிரசவத்துக்கு முன்பே சொல்லுங்க. தடுப்பு மருந்தும் பிசிஜியும் எந்த வரிசையில் என்று டாக்டர் முடிவு செய்வார்.
வெட்கப்பட்டு மறைக்காதீங்க. மறைக்கிற ஒவ்வொரு வாரமும் அந்தக் குழந்தைக்குத்தான் ஆபத்து. தொண்ணூறு வருஷத்துக்கு முன்னால் நோய் தெரிந்த அம்மா குழந்தையை விட்டுப் பிரிய வேண்டியிருந்தது. இன்று நோயைச் சீக்கிரம் சொன்னால் மடியில் வைத்துக்கொண்டே குணமாகலாம்.

கேள்விகள் இருந்தால் கீழே கேளுங்க. கைக்குழந்தை இருக்கும் வீட்டுக்கு இதைப் பகிருங்க.