ஆயத்தம்: மார்பக மறுசீரமைப்பு அறுவையின் வரலாறு குறித்துச் சில குறிப்புகள்

ஆங்கில நாவலாசிரியை ஃபேனி பர்னிக்கு 1811 செப்டம்பர் 30ஆம் நாள் பாரிஸில் மார்பகம் அகற்றப்பட்டது. கத்தி பிடித்தவர் நெப்போலியனின் படை மருத்துவர் லாரே. மயக்க மருந்து அறுவைக்கூடத்துக்கு வந்துசேர இன்னும் முப்பத்தைந்து ஆண்டுகள் இருந்தன. பர்னிக்குக் கிடைத்ததெல்லாம் கொஞ்சம் மதுக்கலவையும், முகத்தின்மேல் விரிக்கப்பட்ட மெல்லிய கைக்குட்டையும்தான். அந்தக் கைக்குட்டையின் ஊடாகக் கத்தியின் பளபளப்பைக் கண்டதாகத் தம் தமக்கை எஸ்தருக்கு எழுதினார். அக்கடிதத்தை எழுதி முடிக்க அவருக்கு மாதங்கள் பிடித்தன. எழுதியதைத் திரும்பப் படிக்கும் துணிவு அவருக்கு வரவில்லை.

அக்கடிதத்தை வலியின் ஆவணமாகப் படிப்பது இலக்கிய மாணவர் வழக்கம். நம் கண்ணில் படுவது வேறொன்று. அறுவை எந்த நாளில் என்பது அவருக்கு முன்கூட்டிச் சொல்லப்படவில்லை. சில மணி நேர அவகாசத்தில் செய்தி வந்தது. அதற்குள் கணவரை ஏதோ அலுவலைச் சாக்கிட்டு வீட்டைவிட்டு வெளியே இருக்கச் செய்தார். அறையை ஒழுங்கு செய்தார். குவிந்துகிடந்த கட்டுத் துணிகளையும் பஞ்சையும் கண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்தார். தன் உடலிலிருந்து ஓர் உறுப்பு போகப்போகிறது என்று அறிந்த ஒரு பெண் அதற்குத் தன்னை ஆயத்தப்படுத்திக்கொள்ளும் காட்சி இது. அந்த அறிதலாவது அவருக்கு இருந்தது. பின்வந்த நூற்றாண்டில் மயக்க மருந்து வந்தது, கிருமி நீக்கம் வந்தது, அறுவை பாதுகாப்பானது. ஆனால் அந்த அறிதல் பெண்களிடமிருந்து பறிபோயிற்று என்பதே இவ்வரலாற்றின் விந்தை.

மார்பகப் புற்றுநோயின் அறுவை வரலாறு வில்லியம் ஹால்ஸ்டெட்டைச் சுற்றியே நெடுங்காலம் சுழன்றது. அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் பணியாற்றிய அவர், 1894இல் ஐம்பது நோயாளிகளின் விவரங்களை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள மார்புத் தசைகள், அக்குளின் நிணநீர் முடிச்சுகள் ஆகிய அனைத்தையும் ஒரே பிண்டமாக எடுத்துவிடுவது அவர் முறை. அதே இடத்தில் நோய் திரும்புவது அன்றைய ஐரோப்பிய மருத்துவமனைகளில் சர்வசாதாரணம். ஹால்ஸ்டெட்டின் ஐம்பது பேரில் மூவருக்கே அவ்வாறு திரும்பியிருந்தது. எண்கள் பேசிய பிறகு மறுத்துப் பேச யார் இருந்தார்கள்? அடுத்த எழுபது, எண்பது ஆண்டுகளுக்கு அமெரிக்காவில் அதுவே வேதமாயிற்று. அறுவைக்குப் பிறகு பெண்களுக்கு மார்பு குழிந்து விலா எலும்பு தெரிந்தது. பலருக்குக் கை வீங்கியது.

அழித்ததைத் திரும்பக் கட்டும் நுட்பம் அன்று இல்லாமலில்லை. ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் வின்சென்ஸ் செர்னி என்ற அறுவை மருத்துவர், மேடைக் கலைஞரான ஒரு பெண்ணின் மார்பிலிருந்து புற்றல்லாத கட்டியை நீக்கிவிட்டு, அவர் உடலிலேயே வேறிடத்தில் இருந்த கொழுப்புக் கட்டி ஒன்றை எடுத்து அந்தப் பள்ளத்தில் வைத்தார். 1895இல் அதைப் பற்றி எழுதவும் செய்தார். மருத்துவ நூல்கள் இதை முதல் மறுசீரமைப்பு என்று கொண்டாடும். நாம் அதற்கு அத்தனை மதிப்புக் கொடுக்கவில்லை. அது ஒரு தற்செயல்.

தற்செயலல்லாதது இத்தாலியில் நிகழ்ந்தது. பாவியா நகரின் இஜினியோ டான்சினி, மார்பகம் எடுத்த புண்ணை மூடுவதற்கு முதுகின் அகன்ற தசையை அதன்மேல் இருக்கும் தோலோடும் இரத்தக் குழாயோடும் சேர்த்து முன்பக்கம் திருப்பிக் கொண்டுவரலாம் என்று 1906இல் விளக்கினார். தசைக்குப் போகும் குழாயைத் துண்டிக்காமல் வைத்திருந்தால் மேலுள்ள தோலும் உயிரோடிருக்கும் என்ற இந்த அறிவு, பிற்காலத்தில் வந்த எல்லா மடல் அறுவைகளுக்கும் அடிப்படை. உருவம் தருவது டான்சினியின் நோக்கமன்று, புண்ணை மூடுவதே. ஆயினும் வழி திறந்திருந்தது. ஐரோப்பாவில் சில ஆண்டுகள் சிலர் பின்பற்றினர். பிறகு அது அப்படியே மறக்கப்பட்டு, 1970களின் பிற்பகுதியில்தான் மீண்டும் கண்டெடுக்கப்பட்டது.

எழுபது ஆண்டு மறதிக்குக் காரணம் என்ன? ஹால்ஸ்டெட் மறுசீரமைப்பை விரும்பவில்லை. புண்ணின்மேல் தடித்த சதையைக் கொண்டுவந்து மூடினால் நோய் திரும்புவது கண்ணுக்குத் தெரியாமல் போகும் என்பது அவர் அச்சம். மெல்லிய தோலொட்டு போதும்; மார்பு திறந்த ஏடுபோல் மருத்துவர் பார்வைக்கு எப்போதும் கிடைக்கவேண்டும். அவர் நோக்கில் இதில் தருக்கம் உண்டு, கருணையும்கூட உண்டு. பிழைத்திருப்பதே பெரிது என்ற காலத்தில் உருவத்தைப் பற்றிப் பேசுவது அற்பமாகத் தோன்றியிருக்கும். ஆனால் மறுசீரமைப்பு செய்துகொண்டோருக்கு நோய் கூடுதலாகத் திரும்புவதில்லை என்று பின்னாளைய அனுபவம் காட்டியது. அச்சம் கொள்கையாக இறுகி, கொள்கை பழக்கமாகி, பழக்கத்துக்குக் காரணம் கேட்பவர் இல்லாமற்போன கதை இது. தமிழ்ப் புலமை உலகில் பழகியவர்களுக்கு இது ஒன்றும் புதிதன்று.

இடையில் இங்கிலாந்தின் ஹரால்டு கில்லீஸ் ஒருவரைச் சொல்லவேண்டும். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக 1917இல் தோலைக் குழாய்போல் சுருட்டித் தைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தும் முறையைக் கையாண்ட அவர், 1942 முதல் வயிற்றுத் தோலை அதே விதமாக மார்புக்கு ஏற்றினார். பல மாதங்கள், பல அறுவைகள், ஏராளமான தழும்புகள். பொறுமை உள்ளவர்கள் சிலரே அதை ஏற்றனர்.

பெண்களிடமிருந்து அறிதல் பறிபோனதாகச் சொன்னோம். இருபதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் அமெரிக்க நடைமுறை இவ்வாறு இருந்தது. கட்டியோடு வரும் பெண்ணிடம் ஒரே தாளில் இரண்டுக்கும் ஒப்பம் வாங்குவார்கள். மயக்கம் கொடுத்துக் கட்டியிலிருந்து துணுக்கு எடுத்து, உறையவைத்துச் சோதிப்பார்கள். புற்று என்றால், மயக்கம் தெளியும் முன்பே மார்பகம் போய்விடும். கண்விழித்ததும் அவர் செய்யும் முதல் வேலை, கையைத் தூக்கித் தடவிப் பார்ப்பது. எதற்கு ஆயத்தமாவது, எதிலிருந்து மீள்வது என்றே தெரியாமல் ஒருவர் மேசையில் படுக்கவேண்டியிருந்தது.

இதை எதிர்த்தவர்களில் ரோஸ் குஷ்னர் முதன்மையானவர். பத்திரிகையாளர். 1974இல் தமக்குக் கட்டி தெரிந்தபோது, சோதனை மட்டும் செய்யுங்கள், முடிவைத் தெரிந்துகொண்டு பிறகு யோசிக்கிறேன் என்று கேட்டார். பல அறுவை மருத்துவர்கள் மறுத்துவிட்டனர். அவ்வாண்டு செப்டம்பரில் அமெரிக்கக் குடியரசுத் தலைவரின் மனைவி பெட்டி ஃபோர்டு மருத்துவமனையில் சேர்ந்த செய்தி வந்ததும் குஷ்னர் வெள்ளை மாளிகையோடு தொடர்புகொண்டு, சோதனையையும் அறுவையையும் பிரித்துச் செய்யச் சொல்லுங்கள் என்று வேண்டினார். குடியரசுத் தலைவர் முடிவெடுத்துவிட்டார் என்பதே அவருக்குக் கிடைத்த மறுமொழி. செப்டம்பர் 28 அன்று பழைய முறைப்படியே எல்லாம் நடந்தது. மார்பகம் யாருடையது, முடிவு யாருடையது என்பதை அந்த ஒரு மறுமொழி சொல்லும் அளவுக்கு எந்தப் பெண்ணிய நூலும் நமக்குச் சொன்னதில்லை. பெட்டி ஃபோர்டு தம் நோயை மறைக்காமல் பேசியதால் இலட்சக்கணக்கான பெண்கள் சோதனைக்குச் சென்றனர் என்பதையும் உடன் சொல்லிவிடுவது நியாயம்.

1979இல் அமெரிக்க தேசிய நலவாழ்வு நிறுவனங்கள் கூட்டிய அவை, சோதனை வேறு, அறுவை வேறு என்று இரண்டு கட்டமாகச் செய்வதைப் பரிந்துரைத்தது. அந்தக் குழுவில் மருத்துவரல்லாத உறுப்பினராகக் குஷ்னர் அமர்ந்திருந்தார். ஹால்ஸ்டெட்டின் பேரறுவையையும் அவ்வவை கைவிட்டது. பெர்னார்டு ஃபிஷரின் ஆய்வுகள், கட்டியை மட்டும் நீக்கிக் கதிர்வீச்சு கொடுத்தாலும் ஆயுள் குறைவதில்லை என்று 1985இல் நிறுவின. தசை தப்பியது, தோல் தப்பியது. கட்டுவதற்கு அடித்தளம் மிஞ்சியது. எல்லாவற்றுக்கும் மேலாக, நோயை அறிந்த நாளுக்கும் அறுவை நாளுக்கும் இடையே சில வாரங்கள் கிடைத்தன. அந்தச் சில வாரங்களில்தான் மறுசீரமைப்பு என்ற பேச்சுக்கே இடம் பிறந்தது.

நுட்பங்கள் அடுத்தடுத்து வந்தன. சிலிக்கோன் பையை 1962இல் டெக்சஸின் ஹூஸ்டனில் குரோனின், ஜெரோ ஆகிய இருவர் முதன்முதலாகப் பொருத்தியது புற்றுநோயாளிக்கு அன்று, பெரிதாக்குவதற்கு. நோயாளிகளுக்கு அது 1970களில்தான் பரவலாயிற்று. செடோமிர் ராடோவன் 1982இல் வெளியிட்ட முறையில், தோலடியில் வெற்றுப் பையை வைத்து, வாரந்தோறும் ஊசிவழி உப்புநீர் ஏற்றி, கருவுற்ற வயிற்றின் தோல் விரிவதுபோல் மார்புத் தோலை விரியச் செய்வார்கள். அதே ஆண்டு அட்லாண்டாவின் ஹார்ட்ராம்ஃப் அடிவயிற்றுத் தோலையும் கொழுப்பையும் வயிற்றுத் தசையோடு மார்புக்கு ஏற்றினார். 'டிராம்' மடல் என்பார்கள். பழைய சென்னைத் தெருக்களில் ஓடிய டிராமுக்கும் இதற்கும் உறவில்லை, லத்தீன் தசைப்பெயரின் சுருக்கம். தசையை எடுத்தால் வயிறு தளர்ந்து பிதுங்கும் என்பதால், தசையை விட்டுவிட்டு இரத்தக் குழாயை மட்டும் பிரித்தெடுக்கும் வழியை ஜப்பானின் கோஷிமா 1989இல் காட்ட, நியூ ஆர்லியன்ஸின் ராபர்ட் ஆலன் அதை மார்பகத்துக்குக் கொண்டுவந்து 1994இல் எழுதினார். ஓரிரு மில்லிமீட்டர்க் குழாய்களை நுண்ணோக்கியின் அடியில் முடியினும் மெல்லிய இழையால் இணைக்கும் பல மணி நேர வேலை அது.

சிலிக்கோனுக்குச் சோதனைக் காலம் வந்தது. 1992இல் அமெரிக்க அரசு அதன் பொதுப் பயன்பாட்டை நிறுத்தி, மார்பகம் இழந்தோருக்கு மட்டும் ஆய்வு விதிகளின்கீழ் அனுமதித்தது. 2006இல் தடை நீங்கியது. சொரசொரப்பான மேற்பரப்புடைய சிலவகைப் பைகள் அரிய நிணநீர்ப் புற்று ஒன்றோடு தொடர்புடையவை எனத் தெரிந்ததால் 2019இல் அவை உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டன. புற்றுக்குச் செய்த மாற்றில் வேறொரு புற்று. இந்த அபாயத்தையும் முன்கூட்டிச் சொல்லவேண்டியது இப்போது ஆயத்தத்தின் ஒரு பகுதி.

மீள்வது என்றால் என்ன என்பதிலும் பெண்களே தங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. 1952இல் நியூயார்க்கில் மார்பகம் இழந்த டெரீஸ் லாஸர், இனிக் கையை எப்படி அசைப்பது, எதை உடுத்துவது என்று சொல்ல ஆளில்லாமல் தவித்தவர். பின்னர் தாமே ஒரு ரப்பர்ப் பந்து, ஒரு கயிறு, ஒரு தற்காலிகப் பஞ்சு மார்பு ஆகியவற்றோடு மருத்துவமனைப் படுக்கைகளைத் தேடிப் போனார். சுவரில் விரல்களை நண்டுபோல் ஏற்றிக் கையை உயர்த்தும் பயிற்சி இன்றும் உண்டு. அவருடைய இயக்கத்தை 1969இல் அமெரிக்கப் புற்றுநோய்ச் சங்கம் ஏற்றது. அப்படி வந்த ஓர் ஆர்வலர்தான் 1978இல் கறுப்பினக் கவிஞர் ஆட்ரி லார்டின் படுக்கையருகே வந்து வெளிர் ரோஜா நிறப் பஞ்சு மார்பைக் கொடுத்தார். லார்ட் அதை அணிய மறுத்தார். மருத்துவரின் அறைக்குப் பொய்மார்பின்றிச் சென்றபோது, அது பிற நோயாளிகளின் மனநிலையைப் பாதிக்கும் என்று செவிலி கடிந்துகொண்டதை 1980இல் வெளியான தம் புற்றுநோய்க் குறிப்புகளில் பதிவு செய்துள்ளார். ஒற்றை முலையோடு போர்புரிந்த ஆப்பிரிக்க வீராங்கனைகளை அவர் துணைக்கு அழைக்கிறார்.

நமக்கு இவ்விடத்தில் கண்ணகி நினைவுக்கு வருவாள். ஒருமுலை இழந்தவளைத் தெய்வமாக்கியது நம் மரபு. மதுரையை விட்டு நீங்கிப் பதினான்காம் நாள் வேங்கை மரத்தடியில் குறவர்கள் அவளைக் காணும்வரை அந்தப் புண் என்னவாயிற்று என்று காப்பியம் கேட்பதில்லை. தெய்வங்களுக்குப் புண் ஆறவேண்டியதில்லை. பெண்களுக்கு வேண்டும்.

அமெரிக்காவில் 1998ஆம் ஆண்டுச் சட்டம், மார்பக நீக்கத்துக்குப் பணம் தரும் காப்பீடு மறுசீரமைப்புக்கும், மறுபக்க மார்பைச் சமன்படுத்துவதற்கும், கைவீக்கம் போன்ற பின்விளைவுகளுக்கும் தரவேண்டும் என்றது. அதுவரை காப்பீட்டு நிறுவனங்கள் பல, இது ஒப்பனை என்று கைவிரித்தன. நம் ஊரிலும் 2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மார்பக அறுவைச் சிகிச்சைக்கான இலவசப் பிரிவு திறக்கப்பட்டபோது, அரசுப் பணத்தில் அழகுச் சிகிச்சை எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. லார்டின் வழி நின்று, எதுவும் வேண்டாம், தட்டையாகவே ஒழுங்குறத் தைத்துவிடுங்கள் என்பவர்களின் குரலும் இன்று வலுத்துள்ளது. 2020இல் அமெரிக்க தேசியப் புற்றுநோய் நிறுவனத்தின் அகராதியில் அதற்கென ஒரு சொல் ஏறியது. இரண்டு விருப்பங்களையும் ஒருசேர மதிக்க மருத்துவம் எத்தனை காலம் எடுத்துக்கொண்டது என்று எண்ணினால் வியப்பாக இருக்கிறது.

இன்று வயிற்று மடல் அறுவைக்குப் போகும் ஒருவருக்குக் கிடைக்கும் குறிப்பேட்டைப் பார்ப்போம். புகைப்பதை வாரங்களுக்கு முன்பே நிறுத்தவேண்டும்; புகை நுண்குழாய்களைச் சுருக்கி மடலைச் சாகடிக்கும். சர்க்கரையைக் கட்டுக்குள் வைக்கவேண்டும். வயிற்றின் குழாய்களை வருடிப் படமெடுப்பார்கள். கதிர்வீச்சு உண்டா என்பதைப் பொறுத்து மறுசீரமைப்பு உடனா, பின்னரா என்று முடிவாகும். அறுவைக்குப் பின் முதல் நாள் மணிக்கொருமுறை செவிலி வந்து மடலின் நிறமும் சூடும் பார்த்து, சிறு கருவியால் குருதியோட்டத்தின் ஒலியைக் கேட்பார். வயிற்றுத் தையல் இழுப்பதால் சில நாள் கூனி நடக்கவேண்டும், தலையணை அடுக்கிச் சாய்ந்தே தூங்கவேண்டும். வடிகுழாய்களில் சேரும் நீரை அளந்து எழுதிவைக்கவேண்டும். அளவு குறைந்தால்தான் குழாயை எடுப்பார்கள். குடம் தூக்குவதும் பிள்ளையைத் தூக்குவதும் ஆறு வாரம் கூடாது. வீட்டில் வேறு கை இல்லாதவருக்கு இந்த ஒரு வரி மற்ற எல்லாவற்றையும்விடக் கடினமானது.

புதிய மார்பு வயிற்றின் கொழுப்பால் ஆனது. உடல் பருத்தால் அதுவும் பருக்கும். தொடு உணர்ச்சி பெரும்பாலும் முழுதாகத் திரும்புவதில்லை. நரம்பையும் சேர்த்துத் தைக்கும் முயற்சிகள் நடந்துவருகின்றன. குளிருக்கு வெந்நீர்ப் பையை மார்பில் வைத்துக்கொள்ளவேண்டாம் என்று வீட்டுக்கு அனுப்பும்போது சொல்வார்கள். தோல் வெந்தாலும் தெரியாது.